கார் கழுவும் சாமான்கள்: முதல் காசு துணிக்கு, கடைசிக் காசு பளபளப்புக்கு

கார் சாமான் கடைகளில் கண்ணுக்கு நேரான தட்டில் இருப்பவை வாக்ஸ், செராமிக் ஸ்ப்ரே, டயர் பாலிஷ். துணி பெரும்பாலும் கீழ்த்தட்டில் கட்டுக்கட்டாகக் கிடக்கும். வாங்கும் வரிசை இதற்கு நேர் எதிராக இருக்க வேண்டும். 2,000 ரூபாய் கையில் இருந்தால் பாதியைத் துணிக்கும் கழுவும் கையுறைக்கும் ஒதுக்குங்கள். ஷாம்புக்கும் வாளிக்கும் மீதியில் பெரும்பகுதி போகும். மெருகுக்கு அதற்குமேல் மிஞ்சினால் பார்த்துக்கொள்ளலாம்.

இரவில் பெட்ரோல் பங்க் விளக்கின் கீழ் ஒரு கறுப்புக் காரின் பானட்டைப் பார்த்தால் காரணம் புரியும். விளக்கின் பிம்பத்தைச் சுற்றிச் சிலந்தி வலை போல மெல்லிய கீறல்கள் ஓடும். தினமும் காலையில் ஒரே வாளித் தண்ணீரில் பழைய பனியன் துணியை முக்கி, தூசியோடு சேர்த்து இழுத்ததில் விழுந்தவை அவை. பெயிண்டின் மேலே இருக்கும் நிறமற்ற பூச்சான க்ளியர் கோட் பெரும்பாலான கார்களில் 35 முதல் 50 மைக்ரான் தடிமன்தான். தலைமுடியைவிட மெல்லியது. கீறலைப் போக்கப் பாலிஷ் போடும் ஒவ்வொரு முறையும் அதில் கொஞ்சம் தேய்ந்து போகிறது. அடுக்குமாடிகளில் கார் துடைக்க வருபவர்களைக் குறை சொல்லிப் பயனில்லை. அவர்கள் கையில் நாம் கொடுப்பது அந்த ஒரு துணியைத்தான். நல்ல துணி நான்கை வாங்கிக் கொடுத்து, தண்ணீர் அடிக்காமல் உலர்ந்த தூசியைத் துடைக்க வேண்டாம் என்று சொன்னாலே பாதிப் பிரச்சினை தீர்ந்துவிடும்.

மைக்ரோஃபைபர் துணியை வாங்கும்போது இரண்டு எண்களைப் பாருங்கள். ஒன்று ஜிஎஸ்எம், அதாவது ஒரு சதுர மீட்டர் துணியின் எடை கிராமில். இன்னொன்று பாலியெஸ்டர், பாலியமைடு விகிதம். உள்பக்கத்துக்கும் கண்ணாடிக்கும் 300 ஜிஎஸ்எம் போதும். பெயிண்டில் வாக்ஸை எடுக்க 350 முதல் 500 வரை வேண்டும். ஈரம் துடைக்கும் பெரிய டவல் 800க்கு மேல், முறுக்கு நூல் வகையாக இருந்தால் ஒரே இழுப்பில் ஒரு கதவு உலர்ந்துவிடும். விகிதம் 80/20 என்றால் நல்லது, 70/30 என்றால் இன்னும் மென்மை. விகிதமே போடாத துணி முழுக்க பாலியெஸ்டராக இருக்க வாய்ப்பு அதிகம். அதை டயருக்கும் இன்ஜினுக்கும் வைத்துக்கொள்ளலாம். ஓரத்தில் தடித்த நைலான் தையல் இருந்தால் வேண்டாம். தையலே இல்லாமல் வெட்டிய துணி பெயிண்டுக்குப் பாதுகாப்பு. ஒட்டியிருக்கும் லேபிளை முதல் வேலையாகக் கத்தரித்துவிடுங்கள். சந்தேகம் இருந்தால் பழைய சிடி ஒன்றின் மின்னும் பக்கத்தில் அழுத்தித் தேய்த்துப் பாருங்கள். அதில் கோடு விழுந்தால் உங்கள் பானட்டிலும் விழும்.

துணி கெட்டுப்போவது பெரும்பாலும் துவைக்கும்போதுதான். பருத்தித் துணிகளோடு வாஷிங் மெஷினில் போட்டால் பஞ்சு ஒட்டிக்கொள்ளும். துணியை மென்மையாக்கும் கண்டிஷனர் ஊற்றினால் இழைகளின் மேல் ஒரு படலம் படிந்து, துணி தண்ணீரை உறிஞ்சாமல் தள்ளிவிடும். தனியாக, திரவ சோப்பில், 40 டிகிரிக்கு மேல் போகாத தண்ணீரில் துவைத்து நிழலில் காயப்போட வேண்டும். தரையில் விழுந்த துணியை உதறிவிட்டு மறுபடி பெயிண்டில் வைக்கவே கூடாது. ஒரு மணல் துகள் போதும்.

கழுவுவதற்கு ஸ்பாஞ்சு வேண்டாம். அதன் தட்டையான முகத்தில் மண் உள்ளே போக இடமில்லை, பெயிண்டுக்கும் ஸ்பாஞ்சுக்கும் நடுவிலேயே உருளும். நீள இழை கொண்ட கையுறை மண்ணை இழைகளுக்குள் வாங்கிக்கொள்ளும். பூரான் கால் போலத் தடித்த விரல்கள் தொங்கும் செனில் வகை மலிவு, எல்லாக் கடையிலும் கிடைக்கும். ஆனால் அந்த விரல்களின் அடியில் சிக்கும் மண்ணை அலசி எடுப்பது கடினம். மைக்ரோஃபைபரில் நீள இழை வகையே எங்கள் தேர்வு. இரண்டு வாங்குங்கள்: ஒன்று ஜன்னலுக்கு மேல், இன்னொன்று கதவின் கீழ்ப்பாதிக்கும் பம்பருக்கும். சக்கரத்துக்கு மூன்றாவதாக ஒரு பழையது.

வாளி இரண்டு, ஒவ்வொன்றும் 15 முதல் 20 லிட்டர். ஒன்றில் ஷாம்பு, மற்றதில் வெறும் தண்ணீர். ஒவ்வொரு பகுதியையும் தேய்த்ததும் கையுறையை வெறும் தண்ணீரில் அலசிப் பிழிந்த பிறகே ஷாம்புவில் முக்க வேண்டும். அடியில் வைக்கும் சல்லடைத் தட்டு, கிரிட் கார்டு என்ற பெயரில் விற்கிறது. மண் அதன் கீழே தங்கிவிடும், கையுறை அதைத் தொடாது. அந்தத் தட்டுக்குக் கேட்கும் விலை அதிகம் என்று தோன்றினால், காய்கறி அலசும் பிளாஸ்டிக் வடிதட்டு வாளிக்குள் இறங்குகிறதா பாருங்கள். கவிழ்த்து வைத்தால் அதே வேலையைச் செய்யும்.

ஷாம்புவைப் பொறுத்தவரை பிராண்டைவிட அளவு முக்கியம். பாத்திரம் தேய்க்கும் திரவம் எண்ணெய்ப் பிசுக்கை வெட்டுவதற்காகச் செய்தது, போட்டிருக்கும் வாக்ஸையும் சேர்த்தே எடுத்துவிடும். துணி துவைக்கும் பவுடரில் காரத்தன்மை அதிகம். சரியாகக் கரையாத துகள்கள் உரசவும் செய்யும். நடுநிலை பிஎச் கொண்ட கார் ஷாம்புவே சரி. மெக்வையர்ஸ் கோல்டு கிளாஸ் ஷாம்புவுக்குச் சொல்லப்பட்ட அளவு ஒரு கேலன் தண்ணீருக்கு ஓர் அவுன்ஸ், அதாவது 3.8 லிட்டருக்கு சுமார் 30 மில்லி. 10 லிட்டர் வாளிக்கு 80 மில்லி ஆகிறது. 10 லிட்டருக்கு 20, 30 மில்லி போதும் என்று சொல்லும் அடர்த்தியான வகைகளும் உண்டு. ஆகவே பாட்டில் விலையை அல்ல, ஒரு வாளிக்கு ஆகும் விலையைக் கணக்கிடுங்கள். வாக்ஸ் கலந்த ஷாம்பு சாதாரணக் காருக்கு நல்லதுதான். பெயிண்டின் மேல் கெட்டியான படலமாகப் பூசும் செராமிக் கோட்டிங் போட்ட காருக்கு வேண்டாம். வாக்ஸின் படலம் கோட்டிங்கின் மேலே படிந்து, தண்ணீர் முத்து முத்தாக உருளும் தன்மையை மங்கச் செய்யும்.

ஷாம்புவைவிடப் பெரிய விஷயம் தண்ணீர், அதைப் பற்றி எந்தப் பாட்டிலும் பேசாது. இந்தியக் குடிநீர்த் தரமான ஐஎஸ் 10500, கரைந்த உப்புகளுக்கு ஏற்கத்தக்க எல்லையாக லிட்டருக்கு 500 மில்லிகிராம் என்கிறது. வேறு தண்ணீர் இல்லாதபோது 2,000 வரை அனுமதிக்கிறது. சென்னையின் கடலோரப் பகுதி போர் தண்ணீர் பல இடங்களில் 1,000ஐச் சாதாரணமாகத் தாண்டும். கோவையில் சிறுவாணித் தண்ணீர் வரும் வீட்டுக்கு இந்தக் கவலை இல்லை. உப்புத் தண்ணீர் பெயிண்டில் காய்ந்தால் கால்சியமும் மக்னீசியமும் வெள்ளை வட்டங்களாகத் தங்கும். வெயிலில் சூடேறச் சூடேற அவை க்ளியர் கோட்டைக் கடிக்கத் தொடங்கும். கரைந்த உப்பின் அளவைக் காட்டும், சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் டிடிஎஸ் மீட்டர் ஒன்று வீட்டில் இருந்தால் எந்தத் தண்ணீர் எதற்கு என்று முடிவு செய்துவிடலாம்.

ஆர்ஓ இயந்திரம் வெளியே தள்ளும் தண்ணீரை வீணாக்காமல் காருக்குப் பிடித்து வைப்பவர்கள் பலர். எண்ணம் நல்லது, காருக்கு மட்டும் அது ஆகாது. உள்ளே போன தண்ணீரைவிட அதில்தான் உப்பு அதிகம். ஏசியின் வடிகுழாயில் சொட்டும் தண்ணீர் இதற்கு நேர்மாறு. காற்றின் ஈரம் குளிர்ந்து வந்தது என்பதால் உப்பு மிகக் குறைவு. இரண்டு நாள் சேர்த்து, மெல்லிய துணியில் வடிகட்டி, கடைசி அலசலுக்கு ஒரு வாளி வைத்துக்கொண்டால் திட்டுகள் வெகுவாகக் குறையும். மழைத் தண்ணீருக்கும் இதே மரியாதை. ஏற்கெனவே விழுந்த உப்புக்கறைக்கு, நிறமற்ற வினிகரும் தண்ணீரும் சம அளவில் கலந்து, குளிர்ந்த பெயிண்டில் ஈரத்துணியாக ஒரு நிமிடம் போட்டு, நன்றாக அலசிவிடுங்கள். இரண்டு முறை செய்தும் போகவில்லை என்றால் கறை பள்ளமாகிவிட்டது என்று பொருள், இனி பாலிஷ்தான் வழி.

தண்ணீரை அழுத்தத்தோடு பீய்ச்சும் பிரஷர் வாஷரில் வீட்டுக்கு 110 பார் அழுத்த வகுப்பு போதும். கெர்ஷர் கே2, போஷ் ஈசி அக்வாடாக் 110 போன்றவை இந்த ரகம். மணிக்கு 330 முதல் 360 லிட்டர் இழுக்கும். பத்து நிமிடம் அழுத்தினால் 60 லிட்டருக்குள் முடியும். குழாயைத் திறந்துவிட்டுக் கழுவுவதைவிட இது சிக்கனம். வாங்கும்முன் மூன்று விஷயங்களைப் பாருங்கள். முதலாவது, வாளியிலிருந்து தானே உறிஞ்சுமா என்பது. மொட்டைமாடித் தொட்டியிலிருந்து தரைத்தளத்துக்கு வரும் குழாயில் போதிய வேகம் இல்லாத வீடுகளில் இது இல்லாமல் முடியாது. இரண்டாவது, தண்ணீர் நுழையும் இடத்தில் வடிகட்டி கூட வருகிறதா. போர் மணல் பம்பைத் தின்றுவிடும். மூன்றாவது மின் இணைப்பு. 1,400 வாட் இயந்திரம் 230 வோல்ட்டில் 6 ஆம்பியருக்குச் சற்று மேல் இழுக்கும், எனவே 16 ஆம்பியர் பிளக்கில்தான் போட வேண்டும். மெல்லிய எக்ஸ்டென்ஷன் வயர் சூடாகி உருகும்.

இந்த இயந்திரங்கள் சீக்கிரம் சாவது பெரும்பாலும் ஒரே காரணத்தால்: தண்ணீர் வராமல் மோட்டாரை ஓட்டுவது. முதலில் துப்பாக்கியை அழுத்தி, காற்று முழுக்க வெளியேறித் தண்ணீர் சீராக வந்த பிறகே சுவிட்சைப் போடுங்கள். முடித்ததும் மோட்டாரை அணைத்து, மிச்ச அழுத்தத்தை வெளியேற்றுங்கள். நாசில் வண்ணங்களில் சிவப்பு 0 டிகிரி, மஞ்சள் 15, பச்சை 25, வெள்ளை 40. காருக்கு வெள்ளை, அடியில் ஒட்டிய சேற்றுக்குப் பச்சை. சிவப்பைக் காரின் பக்கமே கொண்டுவராதீர்கள். ஓரடிக்குக் குறையாத தூரம் வேண்டும். கல் பட்டுப் பெயர்ந்த இடம், ஸ்டிக்கர் ஓரம், கதவு ரப்பர், பார்க்கிங் சென்சார் இவற்றில் நேராக அடிக்க வேண்டாம்.

பிரஷர் வாஷரில் மாட்டி ஷாம்புவை நுரையாக அடிக்கும் நுரைத் துப்பாக்கி வாங்கினால் உள்ளே இருக்கும் துளை 1.1 மில்லிமீட்டரா என்று கேளுங்கள். பொதுவாக வரும் 1.25 பெரிய இயந்திரங்களுக்கானது. சிறியதில் போட்டால் ஷேவிங் நுரைக்குப் பதில் சோப்புத் தண்ணீர்தான் வரும். பயன்படுத்தியதும் பாட்டிலில் வெறும் தண்ணீர் ஊற்றிப் பத்து விநாடி அடித்துவிடுங்கள். இல்லாவிட்டால் உள்ளே இருக்கும் வலைத் தக்கையில் ஷாம்பு காய்ந்து அடுத்த முறை நுரை வராது. நுரையின் வேலை மண்ணை ஊறவைப்பது மட்டுமே. நான்கைந்து நிமிடம் விட்டு, காய்வதற்குள் அலசிவிட்டு, பிறகுதான் கையுறை.

தண்ணீர்க் குழாயே எட்டாத அடுக்குமாடிக்காரர்கள் அலசத் தேவையில்லாத கழுவு திரவத்தைப் பாருங்கள். ஆப்டிமம் நோ ரின்ஸ் இதில் பெயர் பெற்றது. கலவை 1க்கு 256, அதாவது 10 லிட்டருக்கு சுமார் 40 மில்லி. ஆறேழு துணிகளை அதில் ஊறவைத்து, ஒவ்வொரு பகுதிக்கும் துணியின் புதிய முகத்தைத் திருப்பித் துடைத்து, உடனே உலர்த்த வேண்டும். தினசரித் தூசிக்கு மிக நல்லது. மழைக்காலச் சேற்றுக்கு மட்டும் இதை நம்பாதீர்கள்.

பறவை எச்சத்தைச் சுரண்டாதீர்கள். ஈரத்துணியை ஐந்து நிமிடம் மேலே போட்டு, ஊறியதும் அள்ளி எடுங்கள். அதிலுள்ள அமிலம் கோடை வெயிலில் ஒரே பகலில் தடம் பதித்துவிடும், ஞாயிற்றுக்கிழமை வரை காத்திருக்க முடியாது.

கழுவிய பின்னும் பெயிண்ட் சொரசொரப்பாக இருக்கிறதா என்று அறிய, கையில் மெல்லிய பிளாஸ்டிக் பை மாட்டித் தடவிப் பாருங்கள். வெள்ளைக் காரில் ஆரஞ்சுப் புள்ளிகள் தெரிந்தால் அது பிரேக்கிலிருந்தும் தண்டவாளப் பக்கமிருந்தும் வந்த இரும்புத் தூள். இரும்பு நீக்கும் ஸ்ப்ரே அதைத் தொட்டதும் ஊதாவாக மாறி வழியும். நாற்றம் கடுமையாக இருக்கும், ரப்பர் கையுறை அவசியம். மூன்று முதல் ஐந்து நிமிடத்தில், காய்வதற்குள் அலசிவிட வேண்டும். அதன் பிறகும் சொரசொரப்பு இருந்தால்தான் க்ளே பார், அதாவது ஒட்டியிருப்பதை இழுத்தெடுக்கும் களிமண் போன்ற கட்டி. இரண்டடி சதுரமாகப் பிரித்துக்கொண்டு, ஷாம்புத் தண்ணீர் தாராளமாக விட்டு, அழுத்தாமல் நேர்க்கோட்டில் ஓட்டுங்கள். தரையில் விழுந்த கட்டியைத் தூக்கிப் போட்டுவிடுங்கள். நுண்ணிய ரகமே வாங்குங்கள். வருடத்துக்கு ஒருமுறை, மிஞ்சினால் இருமுறை.

மெருகுப் பொருட்களில் அதிகம் குழப்புவது ‘9எச்’ என்ற எழுத்து. அது பென்சில் முனையால் கீறிப் பார்க்கும் சோதனையின் உச்சப் படி. வைரத்தோடு ஒப்பிடும் மோஸ் அளவுகோலுக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை. எந்த செராமிக் கோட்டிங்கும் கல்லடியைத் தாங்காது. உருளாமல் நின்ற உப்புத் தண்ணீர் முத்துகள் அதன் மேலும் கறை போடும். கழுவுவது சுலபமாகும், அழுக்கு ஒட்டுவது குறையும். அதற்காகப் போடுவது நியாயம். வீட்டில் செய்ய சிலிக்கா கலந்த ஸ்ப்ரே வகை போதும், டர்டில் வாக்ஸின் ஹைப்ரிட் சொல்யூஷன்ஸ் வரிசை போல. ஒரு கதவுக்கு இரண்டு பீய்ச்சல். ஒரு துணியால் பரப்பி, இன்னொன்றால் உடனே துடைக்க வேண்டும். அதிகம் அடித்தால், அதுவும் கடலோரப் புழுக்கத்தில், திட்டுத் திட்டாக நின்றுவிடும். ஒரு பனை வகையின் இலையிலிருந்து எடுக்கும் கார்னாபா வாக்ஸின் ஆழமான மினுமினுப்புக்கு இணையில்லை என்பது உண்மை, ஆனால் நம் வெயிலில் சில வாரங்களே தாங்கும். வாக்ஸைக் கறுப்பு பிளாஸ்டிக்கில் படவிடாதீர்கள், வெள்ளையாகத் தங்கிவிடும்.

டாஷ்போர்டுக்கு எண்ணெய்ப் பளபளப்பு தரும் சிலிகான் ஸ்ப்ரே வேண்டாம். பகலில் அதன் பிரதிபலிப்பு முன்கண்ணாடியில் விழுந்து சாலையை மறைக்கும். மேட் வகை கேட்டு வாங்குங்கள். ஸ்டீயரிங்கிலும் பெடலிலும் எதையும் பூச வேண்டாம், வழுக்கும். டயருக்கு நீர் சார்ந்த பூச்சு. டீசல் தேய்த்துக் கறுப்பாக்கும் பழக்கம் ரப்பரை உப்பவைத்துக் கெடுக்கும். டயர் பூச்சு எதுவானாலும் பக்கச் சுவரோடு நிறுத்துங்கள், தரை தொடும் பகுதியிலும் பிரேக் டிஸ்கிலும் ஒரு துளிகூடப் படக்கூடாது.

கழுவிய காரை அப்படியே ஹேண்ட்பிரேக் போட்டு நிறுத்தாதீர்கள். தெருவை ஒரு சுற்று சுற்றி, மெதுவாக நாலைந்து முறை பிரேக்கை அழுத்தி டிஸ்கையும் டிரம்மையும் காயவைத்த பிறகு நிறுத்துங்கள். ஈரத்தோடு இரண்டு நாள் நின்றால் துரு பிடித்து, கிளப்பும்போது பின்சக்கரம் ‘டக்’ என்று விட்டு விலகும்.