பெட்ரோல் விலையை நாட்டுக்கு நாடு ஒப்பிட எது சரி: டாலர் கணக்கா, கூலிக் கணக்கா?

உலக நாடுகளின் பெட்ரோல் விலைப் பட்டியல் அடிக்கடி கைபேசியில் சுற்றுக்கு வருகிறது. ஒரு பக்கம் நாட்டின் பெயர், மறுபக்கம் லிட்டருக்கு எத்தனை டாலர். அதில் உள்ள எண்கள் பெரும்பாலும் சரியாகவே இருக்கும். ஆனால் எந்த நாட்டில் பெட்ரோல் விலை கையைக் கடிக்கிறது என்பது அந்த எண்ணில் தெரியாது. ஒப்பிடுவதற்கு நான்கு வழிகள் உண்டு. சந்தை மாற்று விகிதத்தில் டாலராக்குவது ஒன்று. வாங்கும் திறன் சமநிலை விகிதத்தில், அதாவது ஒரே பொருட்கூடையை வாங்க ஒவ்வொரு நாட்டிலும் எவ்வளவு பணம் வேண்டும் என்பதை வைத்துப் போடும் விகிதத்தில், மாற்றுவது இன்னொன்று. வரியைக் கழித்துவிட்டுப் பார்ப்பது மூன்றாவது. ஒரு நாள் கூலிக்கு எத்தனை லிட்டர் கிடைக்கும் என்று எண்ணுவது நான்காவது. நான் பயன்படுத்துவது நான்காவதைத்தான். மூன்றாவதுக்கும் ஒரு தனி இடம் உண்டு. மற்ற இரண்டையும் நம்பி முடிவெடுக்கக் கூடாது.

எந்த வழியில் போனாலும் முதலில் அளவையும் தரத்தையும் சரிசெய்ய வேண்டும். அமெரிக்கக் காலன் 3.785 லிட்டர், பிரிட்டிஷ் காலன் 4.546 லிட்டர். இரண்டையும் குழப்பினால் விலை 20 சதவீதம் தவறிவிடும். அடுத்தது ஆக்டேன், அதாவது பெட்ரோல் என்ஜினில் முன்கூட்டியே வெடிக்காமல் தாங்கும் திறனைக் காட்டும் எண். அமெரிக்கப் பம்பில் 87 என்று எழுதியிருப்பது அந்த எண்ணில் தோன்றும் அளவுக்கு மட்டமான பெட்ரோல் அல்ல. அங்கே இரண்டு சோதனை முறைகளின் சராசரியை எழுதுகிறார்கள். ஐரோப்பாவும் ஆசியாவும் அந்த இரண்டில் ஒன்றான ஆர்ஓஎன் எண்ணை மட்டும் எழுதுகின்றன, அந்த அளவில் அது ஏறக்குறைய 91 அல்லது 92. ஆகவே அதை ஐரோப்பாவின் 95 ஆக்டேனுக்குப் பக்கத்தில் வைத்தால் ஒரு படி கீழான சரக்கை மேலான சரக்கோடு ஒப்பிட்டதாகிவிடும்.

எத்தனால் கலப்பைப் பெரும்பாலானோர் கவனிப்பதில்லை. ஒரு லிட்டர் பெட்ரோலில் சுமார் 32 மெகாஜூல் ஆற்றல் இருக்கிறது, எத்தனாலில் சுமார் 21. 10 சதவீதக் கலப்பில் லிட்டரின் ஆற்றல் சுமார் மூன்றரை சதவீதம் குறையும், 20 சதவீதக் கலப்பில் சுமார் 7 சதவீதம். பிரேசில் 2025 ஆகஸ்டில் கலப்பை 30 சதவீதமாக்கியது, அங்கே ஒரு லிட்டர் ஏறக்குறைய 10 சதவீதம் 'சிறியது'. அதனால் பிரேசில் விலையை 0.9ஆல் வகுத்த பிறகே கலப்பில்லாத பெட்ரோலோடு ஒப்பிட வேண்டும்.

டாலர் கணக்கின் பெரிய கோளாறு மாற்று விகிதம்தான். மற்ற குறைகளையெல்லாம் திருத்திவிடலாம், இதைத் திருத்த வழியில்லை. ஈரானைப் பாருங்கள். 2019 நவம்பரில் பங்கீட்டுப் பெட்ரோல் லிட்டருக்கு 1,500 தோமான், அதாவது 15,000 ரியால் என்று அறிவித்தார்கள். அரசு விகிதம் டாலருக்கு 42,000 ரியால். வெளிச்சந்தையில் அப்போதே ஒரு டாலர் 1,10,000 ரியாலைத் தாண்டியிருந்தது. அரசு விகிதத்தில் லிட்டருக்கு 36 சென்ட், சந்தை விகிதத்தில் 14 சென்டுக்கும் கீழே. பம்ப் ஒன்று, நாள் ஒன்று, பட்டியலில் மட்டும் இரண்டு விலை. பட்டியல் போட்டவர் எந்த விகிதத்தை எடுத்தார் என்பது பெரும்பாலும் எழுதப்பட்டிருக்காது.

இலங்கையின் கதை இதைவிடத் தெளிவு. 2022 ஜனவரியில் 92 ஆக்டேன் பெட்ரோல் 177 ரூபாய், ஒரு டாலர் சுமார் 200 ரூபாய். அதே ஆண்டு ஜூன் கடைசியில் பெட்ரோல் 470 ரூபாய், டாலர் சுமார் 360 ரூபாய். டாலர் பட்டியலில் 88 சென்ட் 1.31 டாலரானது, அதாவது ஏறக்குறைய 48 சதவீத உயர்வு. ரூபாயில் சம்பளம் வாங்கியவருக்கு உயர்வு 166 சதவீதம். தேசியக் குறைந்தபட்ச நாட்கூலி அப்போது 500 ரூபாய். ஜனவரியில் அந்தக் கூலிக்கு 2.8 லிட்டர் கிடைத்தது, ஜூனில் ஒரு லிட்டரும் ஒரு மடக்கும். நாணயம் சரியும்போது மக்கள் படும் அடியில் பெரும்பகுதியை டாலர் பட்டியல் மறைத்துவிடுகிறது. நெருக்கடி வந்த நாட்டைத்தான் நாம் அதிகம் ஒப்பிட்டுப் பார்க்கிறோம் என்பதால் இது சிறிய பிழை அல்ல.

வாங்கும் திறன் சமநிலை விகிதம் இதற்கு மருந்து என்பார்கள். உலக வங்கியின் விலை ஒப்பீட்டில் 2021க்கு இந்தியாவின் விகிதம் டாலருக்குச் சுமார் 20 ரூபாய், சந்தை விகிதமோ சுமார் 74. ஆக 100 ரூபாய்ப் பெட்ரோல் ஒரு கணக்கில் 1.35 டாலர், இன்னொன்றில் 5 டாலர். அந்த விகிதம் வீட்டு வாடகை, முடிவெட்டும் கூலி, மருத்துவர் கட்டணம் எல்லாம் சேர்ந்த கூடையிலிருந்து பிறந்தது. வாடகை மலிவான நாட்டில் பெட்ரோல் பெரிதாகத் தெரியும், அவ்வளவுதான். வாங்குபவரின் வருமானம் அதில் நேரடியாக வருவதே இல்லை. விலைக் கணக்கெடுப்பும் சில ஆண்டுகளுக்கு ஒருமுறைதான், இடைப்பட்ட ஆண்டுகளுக்கு மதிப்பீடு மட்டுமே.

வரி நீக்கிய விலை வேறு கேள்விக்கு விடை சொல்கிறது: விலை வித்தியாசத்துக்கு யார் காரணம், சந்தையா, அரசா? ஜெர்மனியையும் அமெரிக்காவையும் 2024 விலையில் எடுத்துக்கொள்வோம். ஜெர்மனியில் 10 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோலின் ஆண்டுச் சராசரி சுமார் 1.74 யூரோ. இதில் முதலில் கழிக்க வேண்டியது 19 சதவீத வாட், அதாவது மதிப்புக் கூட்டு வரி. பலர் இங்கேதான் தவறுகிறார்கள். 1.74இல் 19 சதவீதம் எடுத்தால் 33 சென்ட் வரும், அது தவறு. வாட் ஏற்கெனவே விலைக்குள் இருப்பதால் 1.74ஐ 119ஆல் வகுத்து 19ஆல் பெருக்க வேண்டும், 27.8 சென்ட் வரும். அதன் பிறகு லிட்டருக்கு நிலையான 65.45 சென்ட் எரிபொருள் வரி, பிறகு கார்பன் விலையாக, அதாவது கரியமில வாயு வெளியீட்டுக்கான கட்டணமாக, சுமார் 10 சென்ட். மிஞ்சுவது 70 சென்ட், டாலரில் சுமார் 76 சென்ட். அமெரிக்காவில் காலன் சராசரி சுமார் 3.30 டாலர். மத்திய வரி 18.4 சென்ட், 1993 முதல் மாறவில்லை. மாநில வரிகளின் சராசரி சுமார் 33 சென்ட். இரண்டையும் கழித்து லிட்டராக்கினால் சுமார் 74 சென்ட். பம்பில் இரண்டு மடங்குக்கு மேல் இடைவெளி, வரியைக் கழித்தால் இரண்டு மூன்று சென்ட் மட்டுமே. கச்சா எண்ணெய் எல்லாருக்கும் ஏறக்குறைய ஒரே விலைதான் என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்ட முடியாது.

ஆனாலும் இரண்டு இடங்களில் இந்த வழி நொண்டும். வரிப் பிரிப்பை வெளியிடாத நாடுகளுக்கு இதைச் செய்யவே முடியாது. ஐரோப்பிய ஒன்றியம் வரியோடும் வரியில்லாமலும் வாரந்தோறும் வெளியிடுகிறது, எல்லா நாடும் அப்படிச் செய்வதில்லை. லிபியா, குவைத் போன்ற மானிய நாடுகளில் கழிக்க வரியே இல்லை. அங்கே உலகச் சந்தை விலையிலிருந்து பம்ப் விலையைக் கழித்து மானியத்தைத்தான் காண வேண்டும், அதற்கு மீண்டும் மாற்று விகிதம் தேவை.

கூலிக் கணக்குக்கு அது தேவையே இல்லை. என் சாய்வுக்குக் காரணமும் இதுதான். விலையும் கூலியும் ஒரே நாணயத்தில் இருப்பதால் ஒன்றை மற்றதால் வகுத்ததும் நாணயம் மறைந்து லிட்டர் மட்டும் மிஞ்சுகிறது. செய்முறையும் எளிது: எட்டு மணி நேரக் கூலியை லிட்டர் விலையால் வகுக்க வேண்டும். 2024இல் ஜெர்மனியின் குறைந்தபட்சக் கூலி மணிக்கு 12.41 யூரோ. எட்டு மணி நேரத்துக்கு 57 லிட்டர். அமெரிக்க மத்தியக் குறைந்தபட்சக் கூலி மணிக்கு 7.25 டாலர், பெட்ரோல் லிட்டர் 87 சென்ட். எட்டு மணி நேரத்துக்கு 66 லிட்டர். இந்தியாவுக்கு நூறு நாள் வேலைத் திட்டத்தின் தமிழ்நாட்டுக் கூலியை எடுத்தால் 2024-25இல் நாளுக்கு 319 ரூபாய். சென்னையில் அந்த ஆண்டு பெட்ரோல் 101 ரூபாயை ஒட்டி நின்றது. ஒரு நாள் கூலிக்கு மூன்று லிட்டர் சொச்சம்.

டாலர் பட்டியலில் இந்த மூன்றும் அமெரிக்கா 0.87, இந்தியா 1.20, ஜெர்மனி 1.88 என்று நிற்கும். ஜெர்மானியர்தான் பாவம் என்று தோன்றும். கூலிக் கணக்கில் அமெரிக்காவும் ஜெர்மனியும் அருகருகே வர, இந்தியா எங்கோ பின்னால் போய்விடுகிறது. இரண்டில் எது உண்மையான சுமையைச் சொல்கிறது என்பதை எந்தக் கூலித் தொழிலாளியும் சொல்லிவிடுவார்.

எந்தக் கூலியை எடுப்பது என்பதில்தான் இந்த வழியின் பலவீனம். சராசரிச் சம்பளம் மேல்தட்டு வருமானத்தால் வீங்கியிருக்கும். பாதிப்பேர் மேலும் பாதிப்பேர் கீழும் இருக்கும் நடுச் சம்பளம் சிறந்தது, ஆனால் எல்லா நாட்டுக்கும் ஒரே முறையில் கிடைக்காது. குறைந்தபட்சக் கூலி சட்டத்தில் இருப்பது, கையில் கிடைப்பது குறைவாக இருக்கலாம். நார்வே, சுவீடன், டென்மார்க், இத்தாலி ஆகியவற்றில் சட்டப்படியான பொதுக் குறைந்தபட்சக் கூலியே கிடையாது. ஒரு நாட்டுக்குக் குறைந்தபட்சமும் இன்னொன்றுக்குச் சராசரியும் எடுத்தால் கணக்கு பாழ். அமெரிக்காவிலும் கலிபோர்னியாவின் கூலி 2024இல் 16 டாலர், பெட்ரோல் விலையும் அங்கே அதிகம். மாநில விலைக்கு மாநிலக் கூலியைத்தான் சேர்க்க வேண்டும். வளைகுடா நாடுகளில் குடிமக்களின் சம்பளத்துக்கும் வெளிநாட்டுத் தொழிலாளர் சம்பளத்துக்கும் உள்ள இடைவெளியில் ஒற்றைச் சராசரிக்குப் பொருளே இல்லை, இருவருக்கும் தனித்தனியே கணக்கிட வேண்டும்.

கையில் வரும் கூலியை எடுப்பது இன்னும் நல்லது. ஜெர்மனியில் சமூகக் காப்பீட்டுக்குத் தொழிலாளியிடமிருந்து சுமார் 20 சதவீதம் பிடிப்பார்கள், 57 லிட்டர் 45 ஆகிவிடும். அமெரிக்காவில் பிடித்தம் 7.65 சதவீதம், 66 லிட்டர் 61 ஆகும். வருமான வரியைச் சேர்க்காமலே இடைவெளி அகலமாகிறது.

இன்னொரு படி மேலே போய் 100 கிலோமீட்டருக்கு எத்தனை நிமிட உழைப்பு என்றும் பார்க்கலாம். பிடித்தங்களை விட்டுவிட்டு, ஜெர்மனியில் 100 கிலோமீட்டருக்கு 7 லிட்டர் குடிக்கும் கார் என்று வைத்தால் 59 நிமிட உழைப்பு. அமெரிக்காவில் 10 லிட்டர் குடிக்கும் கார் என்றால் 72 நிமிடம். லிட்டர் மலிவாக இருக்கும் நாட்டில் பயணம் கூடுதல் உழைப்பைக் கேட்கிறது. இந்தியாவில் லிட்டருக்கு 50 கிலோமீட்டர் தரும் பைக்குக்கே ஐந்து மணி நேரத்துக்கு மேல். வண்டியின் மைலேஜ் நாம் ஊகித்து வைப்பது என்பதால் இந்தப் படியைத் தோராயமாக மட்டுமே கொள்ள வேண்டும்.

பட்டியல் விலைக்கே பெட்ரோல் கிடைக்கிறதா என்றும் பார்க்க வேண்டும். இலங்கையில் 2022இல் பெட்ரோல் பங்கீட்டுக்குக் கியூஆர் அட்டை வந்தபோது பைக்குக்கு வாரம் 4 லிட்டர்தான். அதற்கு மேல் தேவைப்பட்டவருக்கு அறிவித்த விலையால் பயனில்லை. மலேசியாவில் 2025 செப்டம்பர் 30 முதல் குடிமக்களுக்கு 95 ஆக்டேன் 1.99 ரிங்கிட், மானியமில்லாத விலை தொடக்கத்தில் 2.60. கூலிக் கணக்கில் குடிமகனுக்கு முதல் விலை, வெளிநாட்டுத் தொழிலாளிக்கு இரண்டாவது. எல்லைக்கு மறுபக்கம், சிங்கப்பூரில் பதிவான கார்கள் முக்கால் டேங்க் நிரம்பியிருந்தால்தான் நாட்டைவிட்டு வெளியேற முடியும், அந்த அளவுக்கு விலை இடைவெளி.

டீசலுக்கு மட்டும் நான் கூலிக் கணக்கை விட்டுவிடுவேன். டீசலில் பெரும்பகுதி லாரியும் பேருந்தும் குடிப்பது, சுமை சரக்கின் விலையாக வந்து சேரும். அங்கே வரி நீக்கிய விலையே பொருத்தம், அதிலும் பம்ப் விலையை அப்படியே எடுக்கக் கூடாது. பிரிட்டனில் பெட்ரோலுக்கும் டீசலுக்கும் கலால் ஒன்றே, ஜெர்மனியில் டீசலுக்கு 47.04 சென்ட் மட்டும். ஐரோப்பிய ஒன்றியத்தில் பதிவுபெற்ற போக்குவரத்து நிறுவனத்துக்கு வாட் திரும்பக் கிடைத்துவிடும். பிரான்ஸ், பெல்ஜியம் போன்ற நாடுகளில் 7.5 டன் முதலான லாரிகளுக்குக் கலாலில் ஒரு பகுதியும் திரும்ப வரும். இவற்றையெல்லாம் கழித்த பிறகு நிற்கும் எண்ணைத்தான் பக்கத்து நாட்டு டீசலோடு வைத்துப் பார்க்க வேண்டும்.