சால்க் ஊசியா, சேபின் சொட்டா?

போலியோ எனும் இளம்பிள்ளை வாதத்துக்கு எது நல்ல தடுப்பு மருந்து என்ற வழக்கு 1950-களிலிருந்தே ஓடுகிறது. ஊர்ச் சாக்கடையைப் பார்க்காமல் அதற்குத் தீர்ப்புச் சொல்ல முடியாது.

அமெரிக்க ஆய்வாளர் ஜோனஸ் சால்க்கின் ஊசி மருந்தில் இருப்பது செத்த வைரஸ். மூன்று வகை போலியோ வைரஸையும் குரங்குச் சிறுநீரகச் செல்களில் வளர்த்து, வடிகட்டி, 4,000-க்கு 1 பங்கு ஃபார்மலின் என்ற கிருமிக்கொல்லி கலந்து 37 டிகிரி சூட்டில் வைத்துக் கொல்வார்கள். 1954-இல் சுமார் 18 லட்சம் பிள்ளைகளை வைத்துக் களச் சோதனை நடந்தது. 1955 ஏப்ரல் 12 அன்று முடிவு வெளியானது. அன்றைக்கே உரிமமும் கிடைத்தது.

அந்த மாதம் முடிவதற்குள்ளேயே இடி விழுந்தது. மருந்தைத் தயாரித்த நிறுவனங்களில் ஒன்றான கட்டர் ஆய்வகத்தின் சில மருந்துத் தொகுதிகளில் உயிருள்ள வைரஸ் இருந்தது. ஊசி போட்ட பிள்ளைகள், அவர்களிடமிருந்து தொற்றியவர்கள் என்று சுமார் 200 பேருக்கு வாதம் தாக்கியது. 10 பேர் இறந்தார்கள். காரணம் நுணுக்கமானது. வடிகட்டிய திரவம் கிடப்பில் இருந்தால் செல் துணுக்குகள் அடியில் கட்டியாகச் சேரும். கட்டிக்குள் ஒளிந்த வைரஸை ஃபார்மலின் எட்டாது. இத்தனை நாளில் இவ்வளவு சாகும் என்று நேர்க்கோடு போட்டுக் கணக்கிட்டிருந்தார்கள். கடைசி நாட்களில் அந்தக் கோடு வளைந்துவிட்டது, கொஞ்சம் வைரஸ் சாகாமல் தங்கிவிட்டது. பிறகு நடுவில் இன்னொரு முறை வடிகட்டுவதைச் சேர்த்தார்கள்.

இன்னொரு அமெரிக்க ஆய்வாளர் ஆல்பர்ட் சேபினின் வாய்வழிச் சொட்டில் இருப்பது உயிருள்ள, ஆனால் வலுவிழந்த வைரஸ். அமெரிக்கப் பிள்ளைகள் பலர் ஏற்கெனவே சால்க் ஊசி போட்டிருந்ததால் பெருஞ்சோதனை சோவியத் நாட்டில் நடந்தது. அந்நாட்டு வைரஸ் ஆய்வாளர் மிகயில் சுமக்கோவ் 1959-இல் லட்சக்கணக்கானவர்களுக்கு, மிட்டாயாகவும் கூட, கொடுத்துக் காட்டினார். பனிப்போர் உச்சத்தில் இப்படி ஒரு கூட்டு!

ஊசி இரத்தத்தில் எதிர்ப்பைத் தரும். கால் விளங்காமல் போவதைத் தடுக்கும். குடலில் வைரஸ் பெருகுவதை அது அவ்வளவாகத் தடுக்காது. ஊசியை மட்டும் நம்பியிருந்த இஸ்ரேலில் 2013-இல் ஒருவருக்கும் வாதம் வரவில்லை, சாக்கடை நீரில் மட்டும் வைரஸ் ஓடிக்கொண்டிருந்தது. சொட்டு குடலையே காவல் காக்கும், விலையும் குறைவு. ஆனால் சுமார் 25 லட்சம் டோஸுக்கு ஒருவருக்கு அந்தச் சொட்டாலேயே வாதம் வரலாம். தடுப்பூசி குறைந்த ஊரில் அதே வைரஸ் ஆள் மாறி ஆள் மாறிப் பழைய வீரியத்தைத் திரும்பப் பெறுவதும் உண்டு.

வயிற்றுப்போக்கும் வேறு குடல் வைரஸ்களும் மலிந்த இடத்தில் சொட்டும் தடுமாறும். மூன்று டோஸ் இந்தியப் பிள்ளைகளுக்குப் போதவில்லை என்பதை வேலூரில் வைரஸ் ஆய்வாளர் டி. ஜேக்கப் ஜான் முன்னமே காட்டினார். உத்தரப் பிரதேசத்தில் முதல் வகை வைரஸுக்கு எதிராக ஒரு டோஸின் பலன் சுமார் 9 சதவீதம்தான். வீடு வீடாக மறுபடி மறுபடி ஊற்றியதும், மூன்று வகை வைரஸும் கலந்த சொட்டுக்குப் பதில் 2005-இல் ஒற்றை வகைச் சொட்டும் 2010-இல் இரு வகைச் சொட்டும் வந்ததும்தான் காப்பாற்றின. இயற்கை வைரஸ் தாக்கிய இந்தியாவின் கடைசி நோயாளி 2011 ஜனவரியில், மேற்கு வங்கத்தின் ஹவுராவில்.

சேமித்து வைப்பதிலும் இரண்டும் நேரெதிர். சொட்டை உறைய வைத்துச் சேமிக்கலாம். ஊசி மருந்து உறைந்தால் குப்பைதான். சொட்டுக் குப்பியில் வட்டத்துக்குள், சூடு பட்டால் கறுக்கும் ஒரு சதுரம் இருக்கும். சதுரம் வட்டத்தைவிட வெளிறியிருந்தால் பயன்படுத்தலாம். இரண்டும் ஒரே நிறமானாலோ சதுரம் கறுத்தாலோ தூக்கிப் போட வேண்டியதுதான்.

இன்று இந்தியாவில் இரண்டுமே உண்டு. பிறந்தவுடன், 6, 10, 14 வாரங்களில் சொட்டு. 6, 14 வாரங்களிலும் 9 மாதத்திலும் ஊசி. ஊசி 0.1 மில்லிதான், முழு டோஸில் ஐந்தில் ஒரு பங்கு. அது போதவேண்டுமானால் தோலுக்குள்ளேயே நிற்க வேண்டும். சரியாக ஏறினால் ஆரஞ்சுத் தோல் மாதிரி சின்னதாக ஒரு கொப்புளம் எழும்பும். எழும்பாவிட்டால் ஊசி ஆழமாக இறங்கிவிட்டது என்று பொருள்.