இமை ஓரத்தில் நிரந்தர மை: சாட்ஸ்வொர்த் அழகு நிலையம் ஒன்றின் சேவை

தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரில், சாட்ஸ்வொர்த் பகுதியில் உள்ள ஓர் அழகு நிலையத்தில் என் தங்கை அண்மையில் இமை ஓரங்களில் நிரந்தர மை குத்திக்கொண்டாள். வெயிலிலும் வியர்வையிலும் கலையாது என்பதால் எங்கள் உறவுப் பெண்கள் பலர் திருமணத்துக்கு முன் இதைச் செய்துகொள்ள விரும்புகிறார்கள். ஆகவே உடனிருந்து கண்டதைச் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

சுத்தத்தில் குறை சொல்ல இடமில்லை. முத்திரையிட்ட உறையிலிருந்து ஊசியை எங்கள் கண்ணெதிரே பிரித்தார்கள், கையுறைகளை மாற்றினார்கள், மீந்த சாயத்தைக் கொட்டிவிட்டார்கள். ஹெபடைடிஸ் பி, சி போன்ற நோய்கள் அசுத்தமான ஊசியால் பரவக்கூடியவை என்பதால் இந்தக் கவனத்தை மனமாரப் பாராட்டுகிறேன். கோடும் மெல்லியதாக, இரு கண்களிலும் ஒத்து அமைந்தது.

கண்ணின் நலத்தைப் பற்றித்தான் அங்கே பேச்சே எழவில்லை. கண் வறட்சி உண்டா, காண்டாக்ட் லென்ஸ் அணியும் வழக்கம் உண்டா என்று ஒருவரும் கேட்கவில்லை. அதற்கு மாறாக, இமையின் உள்விளிம்பிலும் மை குத்தினால் கண் இன்னும் எடுப்பாகத் தெரியும் என்று கூடுதல் கட்டணத்துக்கு வற்புறுத்தினார்கள். நாங்கள் மறுத்துவிட்டோம்.

இமை விளிம்பில் மைபோமியன் சுரப்பிகள் வரிசையாகத் திறக்கின்றன. மேலிமையில் மட்டும் ஏறத்தாழ 25 முதல் 40 வரை இருக்கும். ஒவ்வொரு முறை இமைக்கும்போதும் அவை சுரக்கும் எண்ணெய் கண்ணீர்மேல் மெல்லிய படலமாகப் பரவி, அது விரைவில் ஆவியாகாமல் காக்கிறது. ஊசியும் சாயமும் இந்தச் சுரப்பிகளை எட்டினால் அழற்சி உண்டாகி அவை சிதையலாம். அப்படி அழிந்த சுரப்பியை மீண்டும் வளரச் செய்ய நம்பகமான சிகிச்சை இல்லை. இமையில் மை குத்திக்கொண்டவர்களிடம் சுரப்பி இழப்பு கூடுதலாகவும், கண்ணீர்ப் படலம் நிலைக்கும் நேரம் குறைவாகவும் இருந்ததை 2015இல் 'கார்னியா' மருத்துவ இதழில் வெளியான கொரிய ஆய்வு ஒன்று காட்டியது. நாள் முழுவதும் கணினித் திரையைப் பார்த்து வேலை செய்பவர்களுக்கு இது சிறு இழப்பன்று.

மரத்துப்போகச் செய்யும் களிம்பைப் பூசும்போதும் கண்ணை இறுக மூடச் சொன்னதோடு சரி. லிடோகைன் கலந்த களிம்புகளுள் சில காரத்தன்மை மிக்கவை. அவை உள்ளே கசிந்தால் கருவிழியின் மேற்படலம் புண்ணாகும், மரத்திருக்கும் கண்ணுக்கு அந்த வலி உடனே தெரியவும் தெரியாது. களிம்பின் பெயரையும், அது கண்ணருகே பூசத் தக்கதா என்பதையும் முன்கூட்டியே கேட்டுக்கொள்வது நல்லது.

சாயத்தில் இரும்பு ஆக்ஸைடு இருந்தால் எம்.ஆர்.ஐ எடுக்கையில் அரிதாக இமையில் எரிச்சலோ வீக்கமோ தோன்றலாம் என்பதால், அங்கே இதைத் தெரிவிக்க வேண்டும். லேசரால் அழிப்பதும் எளிதன்று. கண்ணுக்குள் உலோகக் கவசம் பொருத்தித்தான் செய்ய வேண்டும், சில சாயங்கள் லேசர் பட்டதும் மேலும் கருத்துவிடுவதும் உண்டு.

கைத்திறனுக்காகவும் சுத்தத்துக்காகவும் ஐந்துக்கு மூன்று மதிப்பெண் தருகிறேன். கண் வறட்சியோ இமை அழற்சியோ உள்ளவர்கள் முதலில் கண் மருத்துவரைப் பார்க்கட்டும். மற்றவர்களும் இமைமயிருக்கு வெளியே மட்டும் கோடு போடச் சொல்லி, உள்விளிம்பை உறுதியாக மறுத்துவிடுங்கள்.