எந்தத் துப்பாக்கி நல்லது என்று மாமா கேட்டதற்கு

கல்லலுக்குப் பக்கத்தில் என் தாய்மாமாவுக்கு மூன்று ஏக்கர் செவக்காடு. மாசி மாதம் ஊருக்கு வந்தபோது அதில் கடலை போட்டிருந்தார். விடிகாலையில் போய்ப் பார்த்தால் ஒரு மூலை முழுக்க ஏர் ஓட்டியது போலப் புரண்டு கிடந்தது. காட்டுப்பன்றி. பிஞ்சைத் தின்றுவிட்டுத் தழையை அங்கேயே போட்டுவிட்டுப் போயிருந்தன. மாமா ஒரு செடியை எடுத்து வேர்மண்ணைத் தட்டிக்கொண்டே கேட்டார்: "ஏன் மாப்ள, ஆஸ்திரேலியாவுல பன்னி சுட்டேன்னு சொல்லுவியே, அந்த ரைபிள் என்ன விலை வரும்? நமக்கு எது நல்லது?"

அங்கே நின்றுகொண்டு அரைகுறையாக ஏதோ சொன்னேன். முழுப் பதிலை இங்கே எழுதிவிடுகிறேன், இதே கேள்வியை இன்னும் நாலு பேர் கேட்டுவிட்டார்கள்.

நியூ சவுத் வேல்ஸில் ரிவரினா பக்கம் கோதுமையும் ஆடும் இருக்கிற பண்ணைகளில் 11 வருஷம் வேலை பார்த்தேன். அதில் 9 வருஷம் கையில் லைசென்ஸ் இருந்தது. சுட்டதெல்லாம் பண்ணைக்காரர் அனுமதியோடு அவர் நிலத்தில், முயல், நரி, பன்றி மட்டும். மூன்றுமே அந்த மண்ணுக்கு வெளியிலிருந்து வந்தவை, அங்கே சட்டப்படி தொல்லை விலங்குகள். இங்கே கதையே வேறு, அதற்குப் பின்னால் வருகிறேன்.

அங்கே துப்பாக்கி சுலபமாகக் கிடைக்கும் என்று நம் ஊரில் ஒரு நினைப்பு உண்டு. 1996-ல் டாஸ்மேனியாவின் போர்ட் ஆர்தரில் ஒருவன் 35 பேரைச் சுட்டுக் கொன்ற பிறகு சட்டத்தை இறுக்கிவிட்டார்கள். என்ன காரணத்துக்கு வேண்டும் என்று காட்ட வேண்டும், தற்காப்புக்கு என்று எழுதினால் கிடைக்காது. பாதுகாப்புப் பயிற்சி, தேர்வு, முதல் துப்பாக்கிக்கு 28 நாள் காத்திருப்பு, அப்புறம் சுவரோடு சேர்த்து முடுக்கிய இரும்புப் பெட்டி, தோட்டாவுக்குத் தனிப் பூட்டு. நான் முதலில் காசு போட்டது அந்தப் பெட்டிக்குத்தான். பெட்டகச் சாவியை இடுப்பில் முடிந்துகொண்டு தூங்குகிற ஆச்சிமார் இருக்கிற ஊரிலிருந்து போனவனுக்கு அது ஒன்றும் புதிதாகத் தெரியவில்லை.

முதல் துப்பாக்கி .22 ரிம்ஃபயர் (புள்ளி எண் குழல் துளையின் அளவு, ஏறக்குறைய அங்குலத்தில்; ரிம்ஃபயர் என்றால் அடிவிளிம்பில் அடித்தால் வெடிக்கிற சின்னத் தோட்டா), சிஇசட் 455 மாடல், ஒவ்வொரு தோட்டாவுக்கும் போல்ட்டைக் கையால் இழுத்துத் தள்ளுகிற போல்ட் ஆக்‌ஷன். 9 வருஷத்தில் அது ஒருநாளும் என்னை ஏமாற்றவில்லை. ஒரே ஒரு ரைபிள்தான் என்றால் இப்போதும் இதைத்தான் எடுப்பேன். 2.6 கிராம் ஈயக் குண்டு, சத்தத்தின் வேகத்தைத் தாண்டாத தோட்டாவைப் போட்டால் பக்கத்துத் தொழுவத்தில் ஆடுகூடத் தலை தூக்காது. முயலுக்கு 60 மீட்டர் வரைக்கும் சரியாக இருக்கும். 50 மீட்டருக்குக் குறி வைத்துச் சரி செய்திருந்தால் 100 மீட்டரில் கிட்டத்தட்ட ஒரு ஜாண் கீழே இறங்கிவிடும், அதனால் தூரத்து முயலை விட்டுவிடப் பழகிக்கொள்ள வேண்டும். தோட்டாவும் மலிவு, நிறையச் சுட்டுப் பழகலாம். கை பழகுவது இதில்தான், பெரிய ரைபிளில் அல்ல.

ஆனால் இதைப் பொம்மை என்று நினைக்கிறவர்களுக்கு ஒரு சம்பவம். இரண்டாவது வருஷம், சாயங்காலம், ஒரு குட்டைக் கரையில் முயல். பின்னால் தண்ணீர், அதற்குப் பின்னால் சரிவு, சரிதானே என்று சுட்டேன். முயலுக்கு மேலே போன குண்டு தண்ணீரில் பட்டுத் தெறித்து ஙொய்யென்று ஒரு சத்தத்தோடு எங்கோ போனது. எங்கே போனது என்று இன்றுவரை தெரியாது. .22 குண்டு தடையில்லாமல் போனால் ஒன்றரை கிலோமீட்டர் போகும், தோட்டாப் பெட்டியிலேயே அச்சடித்திருக்கும், நான்தான் படிக்கவில்லை. கூட இருந்த பண்ணைக்காரர் ஒன்றும் பேசவில்லை. என் கையிலிருந்து வாங்கி, போல்ட்டைக் கழற்றித் தன் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். ஒரு வாரம் கழித்துத்தான் திருப்பித் தந்தார். அன்றிலிருந்து முயலைப் பார்ப்பதற்கு முன்னால் முயலுக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று பார்க்கிற பழக்கம் வந்தது. தண்ணீரும் கல்லும் பின்புலமே இல்லை, ஈர மண்மேடுதான் பின்புலம்.

.22-ஐ விடச் சின்ன, வேகமான குண்டு போடுகிற .17 எச்எம்ஆர் ரைபிள் ஒன்றை நண்பரிடம் இரவல் வாங்கிச் சில மாதம் வைத்திருந்தேன். நேர்க்கோடு போலப் போகிறது, 100 மீட்டர் வரைக்கும் கணக்கே வேண்டாம். கொஞ்சம் காற்று அடித்தால் குண்டு நகர்ந்துவிடும், தோட்டா விலை .22-ஐப் போலப் பல மடங்கு. திருப்பிக் கொடுத்துவிட்டேன்.

நரிக்கு .223. துளை .22 அளவுதான், தோட்டாவில் மருந்து பல மடங்கு. ஆடு குட்டி போடுகிற குளிர்காலத்தில், அங்கே ஜூன், ஜூலை, ராத்திரியானால் நரி வந்துவிடும். பிறந்து காய்வதற்கு முன்னாலேயே குட்டியைத் தூக்கிவிடும், சில சமயம் நாக்கை மட்டும் கடித்துவிட்டுப் போயிருக்கும். காலையில் அதைப் பார்த்துவிட்டு நரி பாவம் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அந்த அளவில் பழைய டிக்கா டி3 ரைபிள் ஒன்று வாங்கினேன். 55 கிரெய்ன், அதாவது மூன்றரை கிராம் சொச்சம் குண்டு, வினாடிக்கு ஆயிரம் மீட்டருக்குக் கொஞ்சம் குறைவான வேகம். 100 மீட்டரில் 4 சென்டிமீட்டர் மேலே அடிக்கிற மாதிரி ஸ்கோப்பை, அதாவது குறி பார்க்கிற தொலைநோக்கியை, திருகி வைத்தால் 200 மீட்டருக்கு நேராக வந்து நிற்கும், நடுவில் யோசிக்க வேண்டியதில்லை.

நரியைக் கூப்பிடுவதற்கு ஒரு விசில் உண்டு. தகரத்தை மடித்து நடுவில் ஓட்டை போட்டது, சட்டைப் பொத்தானை விடக் கொஞ்சம் பெரிது, இரண்டு டாலரோ மூன்று டாலரோ. நாக்குக்கும் மேல் உதட்டுக்கும் நடுவில் வைத்து உள்ளே இழுத்தால் அடிபட்ட முயல் கத்துவது போலக் கேட்கும். என்னிடம் இருந்த சாமான்களிலேயே காசுக்கு அதிகம் உழைத்தது அதுதான். ஒரு தடவை வேலி ஓரம் உட்கார்ந்து இழுத்துக்கொண்டிருந்தேன், 300 மீட்டர் தள்ளித் தெரிந்த இரண்டு கண் நேராக என்னைப் பார்த்து ஓடி வந்து பத்தடியில் நின்றது. ஸ்கோப்பில் வெறும் மயிர்தான் தெரிந்தது. சுடவும் முடியாமல் அசையவும் முடியாமல் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டிருந்தோம், அப்புறம் அது போய்விட்டது.

பன்றி விஷயத்தில்தான் காசைக் கரியாக்கினேன். .223 இருக்கிறதே என்று அதை வைத்தே ஒரு கிழட்டு ஆண் பன்றியைச் சாய்வான கோணத்தில் சுட்டேன். ஆண் பன்றிக்குத் தோளில் தோல் தடித்துக் கெட்டிப்பட்டுக் கேடயம் மாதிரி இருக்கும். சிறிய குண்டு உள்ளே போகாமல் உடைந்துவிட்டது போல, அது எழுந்து நாணலுக்குள் போய்விட்டது. டார்ச்சோடு ஒரு மணி நேரம் தேடினேன், உள்ளே மூச்சு மட்டும் கேட்கிறது. காலையில்தான் கண்டுபிடித்து முடித்தோம். அந்த ராத்திரி தூங்கவில்லை. அடுத்த மாதமே ஆத்திரத்தில் .308 வாங்கினேன். 150 கிரெய்ன் குண்டு, .223-ஐப் போல இரண்டு மடங்கு சக்தி. பன்றி விழும், சந்தேகமே இல்லை. ஆனால் தோளில் உதை, காதில் இடி, தோட்டா விலை, அதனால் பழகுவது குறைந்தது, பழகாததால் விசையை இழுக்கும்போது கண்ணை மூட ஆரம்பித்தேன். இரண்டு வருஷத்தில் விற்றுவிட்டு .243 எடுத்தேன். 100 கிரெய்ன் மென்முனைக் குண்டு, உதை பாதி. முதலிலேயே அதை எடுத்திருந்தால் நல்ல ஸ்கோப் ஒன்றுக்குக் காசு மிஞ்சியிருக்கும்.

ஸ்கோப் என்றதும் ஞாபகம் வருகிறது. ஒரு குளிர்காலத்தில் வரிசையாக மூன்று நரி தவறியது. தோட்டாவைத் திட்டினேன், குழலைத் துடைத்தேன், என் கண்ணைச் சந்தேகப்பட்டேன். கடைசியில் ஸ்கோப்பைப் பிடித்து அசைத்தால் அசைகிறது. வண்டி குலுக்கலில் பிடிமானத் திருகு ஒன்று அரைச் சுற்று கழன்றிருந்தது. அதிலிருந்து ராத்திரி கிளம்பும் முன் ஒரு தடவை கையால் அசைத்துப் பார்க்காமல் வண்டியில் ஏற்றியதில்லை.

காதுக்கவசத்தை .22-க்கு வேண்டாம் என்று விட்டது என் முட்டாள்தனம். பெரியதற்கும் சில சமயம் அவசரத்தில் போடாமல் சுட்டிருக்கிறேன். சத்தம் குறைக்கிற சைலன்சர் அங்கே சாதாரண ஆளுக்குத் தடை. வலது கைக்காரனுக்கு இடது காதுதான் குழல் பக்கம் இருக்கும். எனக்கு இடது காதில் இப்போதும் ராத்திரியில் சில்வண்டு கத்துகிறது, சில்வண்டே இல்லாத மாதத்திலும். மின்னணுக் காதுக்கவசம் மெல்லிய சத்தத்தைப் பெருக்கித் தரும், வெடியை அடக்கும், நாலாவது ரைபிள் வாங்குகிற காசில் அதை வாங்குங்கள். டார்ச் வெளிச்சத்தில் கண் மின்னுவதை மட்டும் பார்த்துச் சுடக் கூடாது, ஆட்டுக்கும் நாய்க்கும் கண் மின்னும், உடம்பு முழுக்கத் தெரிய வேண்டும்.

சரி, மாமா கேள்விக்கு வருவோம்.

மாமாவிடம் ஏற்கெனவே துப்பாக்கி இருக்கிறது. ஐயா காலத்து 12 போர் இரட்டைக்குழல், ஐயாவுக்குப் பின் மாமா பெயருக்கு லைசென்ஸ் மாறியது. தேர்தல் வந்தால் சாக்கில் சுற்றி பஸ்ஸில் கொண்டுபோய் ஸ்டேஷனில் ஒப்படைத்து ரசீது வாங்கி வருவார், முடிந்ததும் போய் எடுத்து வருவார். மற்றபடி அது வெளியே வருவது ஆயுத பூஜைக்குத்தான். பயிர்ப் பாதுகாப்புக்கு என்று லைசென்ஸில் இருந்தாலும் அது துப்பாக்கி வைத்திருக்க அனுமதி, காட்டு விலங்கைச் சுட அனுமதி இல்லை. 1972 வனவிலங்குச் சட்டப்படி நம் நாட்டில் வேட்டை என்பதே குற்றம். பன்றியும் பாதுகாக்கப்பட்ட பட்டியலில்தான் இருக்கிறது. தமிழ்நாட்டில் 2025 தொடக்கத்தில் வந்த ஏற்பாட்டின்படி காப்புக்காட்டிலிருந்து 3 கிலோமீட்டருக்கு அப்பால் வருகிற பன்றியைச் சுடலாம், ஆனால் சுடுவது வனத்துறை ஆட்கள், மாமா அல்ல. ஒன்றிலிருந்து மூன்று கிலோமீட்டருக்குள் என்றால் பிடித்துத் திரும்பக் கொண்டுபோய் விடுவார்கள். மாமா காட்டுக்குப் பக்கத்துத் தைலமரக் காட்டைத் தாண்டினால் காப்புக்காடு, ஆக மூன்று கிலோமீட்டர் கணக்கே அவருக்கு உதவாது.

நான் சொன்ன ரைபிளும் இங்கே வராது. .308, .303 எல்லாம் ராணுவக் காலிபர், அதாவது ராணுவத் தோட்டா அளவு, என்று பொதுமக்களுக்குத் தடை. லைசென்ஸில் கிடைப்பது இஷாப்பூர் அரசுத் தொழிற்சாலையின் .315 ரைபிள் மாதிரிதான். 2019-க்குப் பிறகு ஒருவருக்கு இரண்டு துப்பாக்கிக்கு மேல் கிடையாது.

உடனே அடுத்த கேள்வி, லைசென்ஸ் வேண்டாத ஏர் ரைபிள். குழல் துளை 4.5 மில்லிமீட்டர், குண்டின் சக்தி 20 ஜூலுக்குள் இருந்தால் லைசென்ஸ் வேண்டாம், சரிதான். நானும் ஊருக்கு வந்தபின் ஒன்று வாங்கி மாட்டுக் கொட்டகைக்குப் பின்னால் அட்டையில் சுட்டுக்கொண்டிருக்கிறேன், நல்ல பொழுதுபோக்கு. ஆனால் அதன் அடி 17 ஜூல் என்று வையுங்கள். .22-க்கு 140, .223-க்கு 1700, .308-க்கு 3500. 17 ஜூலை வைத்துப் பன்றியை அடித்தால் அதற்கு வலிக்கும், கோபம் வரும், சீழ் பிடிக்கும், அவ்வளவுதான். லைசென்ஸ் வேண்டாம் என்பதால் விலங்கைச் சுடலாம் என்று அர்த்தமும் இல்லை. மிளகாய் நாற்றைக் கொத்துகிற மயிலைப் பற்றி ஒருவர் கேட்டார். தேசியப் பறவை, சட்டத்தின் முதல் பட்டியல். அதற்கு முன்னால் குன்றக்குடி முருகனுக்கு வேறு பதில் சொல்ல வேண்டும்.

மாமா காட்டில் வெடி போட்டு விரட்டலாம் என்று ஒரு யோசனை வந்தது. அத்தைக்குக் கொள்ளுக்குடிப்பட்டிப் பக்கம். அங்கே வேட்டங்குடிக் கண்மாய்க்கு வருகிற பறவைகளுக்காகத் தீபாவளிக்கே வெடி போட மாட்டார்கள். "எங்க ஊருல பச்சப்புள்ளக்கிக்கூட வாங்கித் தர மாட்டோம், நீங்க பன்னிக்கு வாங்குறீங்களா" என்றார், அந்தப் பேச்சு அத்தோடு முடிந்தது.

கடைசியில் சூரிய மின்வேலி போட்டோம். 2023-ல் இதற்கு விதிகள் வந்திருக்கின்றன, காப்புக்காட்டுக்குப் பக்கத்தில் என்றால் பதிவு செய்ய வேண்டும், வனத்துறை அலுவலகத்தில் கேட்டுக்கொண்டு செய்தோம். வீட்டுக் கரண்டை நேரே கம்பியில் கொடுப்பது வேறு, அது கொலை. இது பேட்டரிப் பெட்டியிலிருந்து வினாடிக்கு ஒன்று போல வரும் துடிப்பு, சுண்டிவிடும், கொல்லாது. பன்றிக்குக் கீழ்க்கம்பி முக்கியம், முழங்காலுக்குக் கீழே, மூக்கு படுகிற உயரத்தில். புல் வளர்ந்து கம்பியைத் தொட்டால் வேகம் செத்துவிடும். நம் செம்பாறைப் பூமியில் இன்னொரு தொல்லை, பங்குனி வெயிலில் மண் காய்ந்துவிட்டால் எர்த் கம்பி பிடிக்காது, பெட்டி டிக் டிக்கென்று அடிக்கும், தொட்டால் ஒன்றும் இருக்காது. தினம் ஒரு குடம் தண்ணீரை எர்த் கம்பி அடியில் ஊற்ற வேண்டும்.

வேலி போட்ட ஒன்றரை மாதத்தில் இரண்டு தடவைதான் பன்றி உள்ளே வந்திருக்கிறது. போன வாரம் ராத்திரி பத்து மணிக்கு மாமா போன் செய்தார்.

"மாப்ள, வடக்கு மூலையில உறுமுற மாதிரி கேக்குது. பெட்டி அடிச்சிக்கிட்டுத்தான் இருக்கு."

"எர்த்துக்குத் தண்ணி ஊத்துனீங்களா மாமா?"

கொஞ்ச நேரம் பேச்சில்லை. அப்புறம் குடத்தை எடுக்கிற சத்தம் கேட்டது.