ரத்தத்தை எடுத்துவிட்டுக் கர்ப்பப்பையைப் பற்றிச் சொன்னார்கள்: 93,500 ரூபாய் போன கதை

இரண்டு முறை கரு கலைந்து, அடுத்து எங்கே போவது என்று தேடிக்கொண்டிருக்கும் பெண்களுக்காக எழுதுகிறேன். மருத்துவமனையின் பெயர் வேண்டாம். கரு கலைவதைத் தடுக்கும் 'நோயெதிர்ப்பு' சிகிச்சை என்று இதே பேக்கேஜைப் பல ஊர்களில் விற்கிறார்கள், பெயர்ப்பலகை மட்டும்தான் வேறு.

எனக்கு முதல் கரு எட்டாவது வாரத்திலும் இரண்டாவது ஒன்பதாவது வாரத்திலும் கலைந்தது. தெரிந்தவர்கள் சொல்லி ஒரு கருத்தரிப்பு மையத்துக்குப் போனோம். அன்று லிஃப்ட் வேலை செய்யவில்லை. மூன்று மாடி ஏறி, மூச்சு வாங்க உட்கார்ந்த ஐந்தாவது நிமிஷம் கையில் ஊசி குத்தி ரத்தம் எடுத்தார்கள். 'இம்யூன் ப்ரொஃபைல்', அதாவது நோயெதிர்ப்பு செல் பரிசோதனை, என்று 16,500 ரூபாய். மாடி ஏறியதை ஏன் சொல்கிறேன் என்று பின்னால் புரியும்.

பத்து நாள் கழித்து ரிப்போர்ட் வந்தது. என்.கே. செல், அதாவது 'இயற்கைக் கொல்லி' எனப்படும் ஒரு வகை நோயெதிர்ப்பு செல், 17 சதவீதம். டாக்டர் அந்த எண்ணைச் சிவப்புப் பேனாவால் வட்டமிட்டார். "உங்க கர்ப்பப்பைக்குள்ள இன்ஃப்ளமேஷன் இருக்கும்மா. அதனால கில்லர் செல்லெல்லாம் உசுப்பேறி, குழந்தையை வெளியாள்னு நினைச்சு அழிச்சிடுது" என்றார். இன்ஃப்ளமேஷன் என்றால் அழற்சி, காயத்தையோ தொற்றையோ உடம்பு எதிர்க்கும்போது வருவது. நான் ஏதாவது கேட்பதற்குள் பேக்கேஜ் தாள் மேஜைக்கு வந்துவிட்டது. கூட வந்திருந்த அத்தை வீட்டுக்குப் போகிற வழியில் ஆட்டோவில் மெதுவாகச் சொன்னார்: "அப்ப உன் உடம்பேதான் பிள்ளையைத் தின்னுதா?" பணம் போனது கூட மறந்துவிடும், அந்த ஒரு வாக்கியம் மறக்கவில்லை.

பிறகு நடந்தது இது. கணவரின் ரத்தத்திலிருந்து வெள்ளை அணுக்களைப் பிரித்து என் முன்னங்கைத் தோலில் ஊசி போட்டார்கள். கொசு கடித்த மாதிரி வரிசையாகத் தடித்து நான்கு நாள் அரித்தது. அதற்கு 35,000. மூன்றாம் முறை கரு தங்கியதும் 'இன்ட்ராலிபிட்' டிரிப், ஒன்று 14,000 வீதம் மூன்று. பால் பாக்கெட்டைக் கவிழ்த்து மாட்டிய மாதிரி வெள்ளையாகத் தொங்கும். முதல் டிரிப் ஏறி முடியும் நேரத்தில்தான் சும்மா லேபிளைப் படித்தேன்: சோயா எண்ணெய், முட்டையிலிருந்து எடுத்த கொழுப்பு. முட்டை, சோயா, வேர்க்கடலை ஒவ்வாமை உள்ளவர்களுக்கு அதைப் போடக்கூடாது. என்னிடம் யாரும் கேட்கவே இல்லை. நல்லவேளை, எனக்கு ஒன்றும் ஆகவில்லை. வாயால் சாப்பிட முடியாத நோயாளிகளுக்கு நரம்பு வழியாக ஊட்டம் கொடுக்க 1960களில் ஸ்வீடனில் உருவாக்கிய மருந்து அது.

ஏழாவது வாரம் அந்தக் கருவும் கலைந்தது. "அடுத்த தடவை டோஸ் கூட்டலாம்" என்றார்கள்.

அப்புறம்தான் ஓர் அரசு மகப்பேறு மருத்துவமனைக்குப் போனேன். மூன்று மணி நேரம் வரிசை. அங்கிருந்த டாக்டர் அம்மா என் ஃபைலைப் புரட்டிவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டார்: "இந்த டெஸ்டுக்கு எங்கிருந்து சாம்பிள் எடுத்தாங்க?" கையிலிருந்து என்றேன். சிரிக்கவில்லை, பேனாவை மூடி வைத்துவிட்டு விளக்கினார்.

ரத்தத்தில் ஓடும் என்.கே. செல்லும் கர்ப்பப்பையில் இருக்கும் என்.கே. செல்லும் பெயரில் மட்டும்தான் ஒன்று. கர்ப்பத்தின் முதல் மாதங்களில் கர்ப்பப்பையின் உட்சுவரில் இருக்கும் நோயெதிர்ப்பு செல்களில் ஏறக்குறைய 70 சதவீதம் இந்த என்.கே. வகைதான். அது நோயல்ல, அப்படித்தான் இருக்க வேண்டும். கொல்வதில் அவை மந்தம். தாயின் ரத்தக்குழாய்களை அகலமாக்கி நஞ்சுக்கொடிக்கு ரத்தம் தாராளமாகப் போக வழிசெய்வதுதான் அவற்றின் முக்கிய வேலை. ரத்தத்தில் ஓடும் என்.கே. செல்லின் அளவோ ஆளுக்கு ஆள் மாறும், ஒரே ஆளுக்கு நேரத்துக்கு நேரம் மாறும். பதற்றத்தில் கூடும். மாடி ஏறினாலும் கூடும்.

சரி, இன்ஃப்ளமேஷன் என்பதே பொய்யா? இல்லை, அங்கேதான் நான் ஏமாந்தேன். பாதி உண்மை என்பதால்தான் நம்பினேன். கரு ஒட்டும்போது சுவரைத் துளைத்துக்கொண்டு உள்ளே போகிறது, காயம் மாதிரிதான். அந்த நேரத்தில் கொஞ்சம் அழற்சி இருந்தே ஆக வேண்டும். பிறகு அது அடங்கி, நடு மாதங்கள் அமைதியாகப் போய், பிரசவ வலிக்கு முன்னால் திரும்பவும் எழும். நடுவில் தொற்று வந்தால் கதை வேறு. நியூட்ரோஃபில், மேக்ரோஃபேஜ் என்ற நோயெதிர்ப்பு செல்கள் திரளும், டி.என்.எஃப். போன்ற அழற்சியைத் தூண்டும் பொருள்கள் ஏறும், தாயின் உடம்பைப் பொறுமையாக வைத்திருக்கும் 'டி-ரெக்' செல்களின் பிடி தளரும். ஐ.எல்.-10 என்ற அமைதிப்படுத்தும் புரதம் இல்லாத எலிகளுக்குப் பாக்டீரியாவின் மேலோட்டுப் பொருளைச் சிறிதளவு செலுத்தினாலே, கர்ப்பப்பையின் என்.கே. செல்கள் உண்மையிலேயே கொல்லிகளாக மாறிக் கரு கலைகிறது. முதல் மையத்தின் சுவரில் மாட்டியிருந்த வண்ணப்படம் ஏறக்குறைய இதுதான். மரபணு மாற்றிய எலிக்கு நடந்ததை, மாடி ஏறி வந்த எனக்கு நடந்ததாக விற்றிருக்கிறார்கள்.

வெள்ளை அணு ஊசி இன்னும் மோசம். 1999இல் 'லான்செட்' மருத்துவ இதழில் வந்த ஆய்வில் அந்த ஊசி போட்ட பெண்களில் 36 சதவீதத்தினருக்கும், ஒப்பிட்டுப் பார்க்க வெறும் உப்புநீர் ஊசி போட்டவர்களில் 48 சதவீதத்தினருக்கும் கர்ப்பம் நிலைத்தது. ஆமாம், உப்புநீர்தான் முன்னால். 2002இல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ., அனுமதி பெற்ற ஆய்வுக்கு வெளியே இதைச் செய்யக்கூடாது என்று கடிதமே எழுதியது. நான் கையை நீட்டியது அதற்கு எத்தனையோ வருஷம் கழித்து.

அவசியமாகச் செய்திருக்க வேண்டியதைச் செய்யவில்லை. கலைந்த திசுவை ஒருமுறைகூட குரோமோசோம் பரிசோதனைக்கு அனுப்பவில்லை. ஆரம்ப வாரங்களில் கலையும் கருக்களில் பாதிக்கு மேல் குரோமோசோம் கோளாறுதான் காரணமாம். ரத்தத்தை உறையவைத்துக் கருவைக் கலைக்கக்கூடிய ஆன்டிபாஸ்போலிபிட் ஆன்டிபாடி இருக்கிறதா என்று பார்க்கவில்லை. 12 வார இடைவெளியில் இரண்டு முறை பார்க்க வேண்டிய டெஸ்ட் அது, இருந்தால் ஆஸ்பிரினும் ஹெப்பாரினும் என்று தெளிவான சிகிச்சை இருக்கிறது. தைராய்டு, சர்க்கரை, கர்ப்பப்பைக்குள் தடுப்புச்சுவர் உண்டா என்ற ஸ்கேன், எல்லாம் இப்போதுதான் முடிந்தது. எதிலும் ஒன்றும் இல்லை. "காரணம் தெரியலைம்மா, நிறைய பேருக்குத் தெரியாமலேயே அடுத்தது நல்லா நிக்கும்" என்றார் அந்த டாக்டர். இந்தப் பதிலை முதல் மையத்தில் யாரும் சொல்லாதது ஏன் என்று யோசித்தேன். இதற்குப் பில் போட முடியாது.

ஒன்றை மட்டும் தவறாக எடுத்துக்கொள்ள வேண்டாம். கர்ப்ப காலத்தில் காய்ச்சல், நாற்றமுள்ள வெள்ளைப்படுதல், சிறுநீர் எரிச்சல் வந்தால் அன்றே டாக்டரைப் பாருங்கள். அது உண்மையான தொற்றாக இருக்கலாம், அதற்கு உண்மையான மருந்து உண்டு.

பணத்துக்கு வருகிறேன். ஃபைல் நகல் கேட்டபோது முதலில் இழுத்தடித்தார்கள். கேட்ட 72 மணி நேரத்துக்குள் தர வேண்டும் என்று 2002ஆம் ஆண்டின் மருத்துவர் நடத்தை விதியைக் குறிப்பிட்டுப் பதிவுத் தபாலில் கடிதம் போட்ட பிறகு வந்தது. சம்மதப் படிவத்தின் மூன்றாம் பக்கத்தில், பொடி ஆங்கில எழுத்தில், 'இது பரிசோதனை நிலையிலுள்ள சிகிச்சை' என்று இருக்கிறது. கீழே என் கையெழுத்து. மயக்கத்தில் போட்டதல்ல, அவசரத்தில் போட்டது. மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் மனு தயாராகிக்கொண்டிருக்கிறது. சிகிச்சைக்குக் கொடுத்த பணம் 5 லட்சம் ரூபாய் வரை என்றால் மனுவுக்குக் கட்டணம் இல்லை, இரண்டு வருஷத்துக்குள் போட வேண்டும்.

போன வாரம் மையத்தின் மேலாளர் போன் செய்தார். மனுவை மறந்துவிட்டால், அடுத்த கர்ப்பத்துக்கு ஒரு டிரிப் இலவசமாம்.