யாலவா, வில்பத்துவா, உடவளவையா? ஒரே நாள்தான் கையில் இருக்கிறது என்றால்

இலங்கையில் காடு பார்க்கப் போகிறோம் என்றாலே பாதிப் பேர் வாயில் முதலில் வருவது யால. சிறுத்தை பார்க்க ஆசை, அப்படியே கதிர்காமத்துக்கும் போய்விடலாம் என்ற கணக்கு. இரண்டும் சேர்ந்து அந்த ஒரு நாளை யாலவுக்கு எழுதிக் கொடுத்துவிடுகிறார்கள். எல்லாருக்கும் அது சரிவராது. எந்த மிருகத்துக்காகப் போகிறீர்கள், எந்த மாதம், முதல் நாள் இரவு எங்கே தங்குகிறீர்கள் என்ற மூன்றையும் வைத்துத்தான் யால, வில்பத்து, உடவளவை, மின்னேரியா நான்கில் ஒன்றைத் தெரிவு செய்ய வேண்டும்.

நான்குக்கும் பொதுவான சில விஷயங்கள். பூங்கா திறந்திருப்பது காலை 6 முதல் மாலை 6 வரை. இரவு ஜீப் ஓட்டம் கிடையாது. அரைநாள் என்றால் விடியலிலிருந்து பத்து மணி வரை, அல்லது இரண்டரை முதல் ஆறு வரை. நடுப்பகலில் மிருகங்கள் நிழலுக்குள் ஒதுங்கிவிடும், அந்த நேரத்துக்குக் கொடுக்கும் காசு பெரும்பாலும் வெயிலுக்குக் கொடுத்த காசு. வில்பத்து மட்டும் இதற்கு விலக்கு, காரணம் கீழே.

சிறுத்தைக்கு: யாலவும் வில்பத்துவும்

இலங்கையில் புலியும் இல்லை, சிங்கமும் இல்லை. காட்டில் சிறுத்தைக்கு மேலே எதுவும் கிடையாது. அதனால்தான் பட்டப்பகலில் பாதை நடுவே நடந்து வருவதும், பாறை மேல் படுத்துக் கிடப்பதும். இந்தியக் காடுகளில் இதே மிருகம் புலிக்குப் பயந்து பதுங்கி வாழ்வதால் அங்கே பார்ப்பது இவ்வளவு எளிதல்ல.

யாலவின் மொத்தப் பரப்பு ஏறத்தாழ 979 சதுர கிலோமீற்றர். ஆனால் வருகிறவர்களில் பெரும்பாலானோர் சுற்றுவது அதில் ஏழில் ஒரு பங்கான பிளாக் 1-க்குள் மட்டும். உலகிலேயே சிறுத்தை அடர்த்தி மிக அதிகமான இடங்களில் ஒன்று அது. அதனால் பார்க்கும் வாய்ப்பில் யால முன்னால் நிற்கிறது, அதில் சந்தேகமில்லை. பிரச்சினை அடுத்ததுதான். ஒரே வாசலில் ஒரே நேரத்தில் நுழையும் ஜீப்கள், ஒரு டிரைவர் சிறுத்தையைக் கண்டதும் மற்றவருக்கு அடிக்கும் போன், குறுகலான பாதை. சில நிமிடங்களில் இருபது முப்பது ஜீப் ஒன்றையொன்று மறித்து நிற்கும். பின்னால் மாட்டிக்கொண்டவருக்குத் தெரிவது முன் ஜீப்பின் டயர்தான். சிறுத்தை எழுந்து காட்டுக்குள் போன பிறகும் நெரிசல் கலைய நேரமாகும்.

இதைத் தவிர்க்க வழி இருக்கிறது. பக்கத்து ஊரான திஸ்ஸமகாராமவிலிருந்து (சுருக்கமாகத் திஸ்ஸ) எல்லாரும் போவது பலட்டுபான வாசலுக்கு. கதிர்காமத்தில் தங்குகிறவர்கள் கட்டகமுவ வாசலால் நுழைந்தால் அதே பிளாக் 1-க்குள் எதிர்ப்பக்கமிருந்து வரலாம். காலை முதல் ஒரு மணி நேரமாவது பாதை உங்களுடையது. கூட்டமே வேண்டாம் என்றால் புத்தல – கதிர்காமம் வீதியில் உள்ள கல்கே வாசல் வழியாகப் போகும் பிளாக் 5. அங்கே மிருகம் குறைவாகத்தான் கண்ணில் படும், ஆனால் படுகிறபோது நீங்களும் அதுவும்தான். போகும் வழியில் அந்த வீதியில் வாகனங்களை மறித்து நிற்கும் காட்டு யானைகள் உண்டு. பழம் கொடுத்துப் பழக்கியது மனிதர்களே. கண்ணாடியை இறக்கவும் வேண்டாம், எதையும் நீட்டவும் வேண்டாம்.

வில்பத்து வேறு உலகம். இலங்கையின் மிகப் பெரிய தேசிய பூங்கா இது, சுமார் 1,317 சதுர கிலோமீற்றர். யுத்தக் காலத்தில் 1988-இலிருந்து நீண்ட காலம் மூடிக் கிடந்து, 2003-இல் திறந்து, மறுபடி மூடி, 2010-இல்தான் நிலையாகத் திறந்தார்கள். கூட்டம் இன்னும் யால அளவுக்கு வரவில்லை. இங்கே பெயர் வாங்கித் தந்தவை வில்லுகள்: யாரும் அணை கட்டி உண்டாக்காத, மழைநீர் தேங்கி நிற்கும் ஆழமில்லாத இயற்கைக் குளங்கள். சுற்றிலும் வெண்மணல், அதன் பின்னால் புல், அதற்கும் பின்னால் சுவர் போல அடர்ந்த காடு. ஒரு வில்லுவின் கரையில் எஞ்சினை நிறுத்திவிட்டு அரை மணி நேரம் இருந்தால் முதலை, புள்ளிமான், மரை, எருமை, மஞ்சள் மூக்கு நாரை என்று ஒவ்வொன்றாக வந்துகொண்டிருக்கும். காட்சி அழகில் நான்கிலும் இதுதான் முதலிடம்.

அரைநாளுக்கு வில்பத்து போகாதீர்கள். ஹுனுவிலகம வாசலிலிருந்து முதல் வில்லுக்குப் போவதற்கே இருபுறமும் கண் நுழையாத காட்டுக்குள் கணிசமான நேரம் ஓட வேண்டும். வில்லுகள் ஒன்றுக்கொன்று தூரம். அரைநாளில் இரண்டு மூன்றைத் தொட்டுவிட்டுத் திரும்ப வேண்டியதுதான், “ஒன்றுமே இல்லை” என்று சொல்பவர்களில் பெரும்பாலானோர் அப்படிப் போனவர்கள். முழுநாள் ஜீப் எடுத்து, மதியச் சாப்பாட்டைக் கட்டிக்கொண்டு, நடுப்பகலில் தண்ணீர்க் கரையில் காத்திருந்தால் கதை மாறும். வெயில் ஏறியதும் தாகத்துக்கு வரும் மிருகங்களுக்கு வறட்சி மாதங்களில் வேறு இடமில்லை.

தேடும் முறையிலும் இரண்டுக்கும் வித்தியாசம் உண்டு. யாலவில் உயரமான பாறைகளை ஒவ்வொன்றாகக் கண்ணால் துழாவுவார்கள். வில்பத்துவில் மணல் பாதைதான் பத்திரிகை. காலையில் சிறுத்தையின் பாதச்சுவடு நேற்றைய டயர் தடத்தின் மேல் பதிந்திருந்தால் இரவில் நடந்தது. சுவட்டின் ஓரம் கூர்மையாக, மணல் சரியாமல் இருந்தால் சற்று முன்னர்தான் போயிருக்கிறது. அங்கே வேகத்தைக் குறைக்கச் சொல்லுங்கள். இரு காடுகளிலும் காது முக்கியம்: புள்ளிமான் கூரிய குரலில் கத்தி, வாலை நிமிர்த்தி, கூட்டமாக ஒரே திசையைப் பார்த்தால், மரத்து மேலிருந்து மந்தி விடாமல் இருமினால், அந்தத் திசையில் சிறுத்தை இருக்க வாய்ப்பு அதிகம். எஞ்சினை அணைத்துப் பத்துப் பதினைந்து நிமிடம் பொறுக்க மறுக்கும் டிரைவர்தான் பாதி நாட்களைக் கெடுப்பது.

கரடிக்கும் இந்த இரண்டு காடுகளே. மே, ஜூன், ஜூலையில் பாலைப்பழம் பழுக்கும்போது கரடி மரமேறும். வன்னியில் சந்தைக்கு வரும் அதே பாலைப்பழம். வில்பத்துவில் வீரை மரத்துப் பழமும் சேர்ந்துகொள்ளும். இந்த மாதங்களில் டிரைவரிடம் “பாலை மரம் பழுத்திருக்கிற இடமாகப் போவோம்” என்று சொல்லிப் பாருங்கள். வேறு மாதங்களில் கரடி பார்ப்பது சுத்த அதிர்ஷ்டம்.

யானைக்கு: உடவளவையும் மின்னேரியாவும்

சின்னப் பிள்ளைகளோடு போகிறவர்களுக்கு யோசிக்க ஒன்றுமில்லை, உடவளவை. 1972-இல் வளவை கங்கைத் தேக்கத்தைச் சுற்றி அறிவித்த பூங்கா, பரப்பு 308 சதுர கிலோமீற்றர். காடு குறைவு, புல்வெளி அதிகம், தண்ணீர் ஆண்டு முழுவதும் உண்டு. அதனால் எந்த மாதம் போனாலும் யானை தெரியும். அரைநாளில் குட்டிகளோடு நான்கைந்து கூட்டம் பார்ப்பது சாதாரணம். தேக்கத்துக்குள் மூழ்கிய பட்ட மரங்கள் இன்னும் நிற்கின்றன, அவற்றின் உச்சியில் மீன் கழுகு. வடக்கே மலைத்தொடர். சிறுத்தை இருக்கிறது, ஆனால் அதை நம்பிப் போகக் கூடாது.

இந்தியாவிலிருந்து வருகிறவர்கள் “கொம்பன் எங்கே?” என்று தேடுவார்கள். இலங்கையில் ஆண் யானைகளிலேயே பத்தில் ஒன்றுக்கும் குறைவானவைக்குத்தான் தந்தம். பெரிய உருவம், தனி நடை, தந்தமில்லாத வாய் என்றால் அது பெரும்பாலும் ஆண்தான். கண்ணுக்கும் காதுக்கும் நடுவே கறுப்பாக ஒழுகிக் காய்ந்த கோடு தெரிந்தால் மதம் பிடித்திருக்கிறது, தூரம் தள்ளுங்கள். காதை விரித்து அசையாமல் நிற்பது, முன்காலை ஆட்டுவது, வாலை விறைப்பாக வைப்பது எல்லாம் எச்சரிக்கை. கூட்டத்துக்கும் குட்டிக்கும் நடுவே ஜீப்பை விடுவதுதான் இங்கே நடக்கும் பெரிய தவறு. படம் நன்றாக வரும் என்று டிரைவரைத் தூண்டாதீர்கள்.

பூங்காவுக்குப் பக்கத்திலேயே 1995-இல் தொடங்கிய யானைக் குட்டிகளுக்கான தங்குமிடம் இருக்கிறது. தாயை இழந்த குட்டிகளை வளர்த்துக் காட்டில் விடுவார்கள். குறித்த நேரங்களில் பால் கொடுப்பதை மேடையில் நின்று பார்க்கலாம், தொட முடியாது. மதியப் பால் நேரத்தைப் பார்த்துவிட்டு இரண்டரைக்குப் பூங்காவுக்குள் போவது நல்ல ஒழுங்கு. எம்பிலிப்பிட்டிய – தணமல்வில வீதியோரம் மின்வேலிக்குப் பின்னால் நின்று கை நீட்டும் யானைகளை மட்டும் கண்டும் காணாமல் போய்விடுங்கள்.

மின்னேரியா மாலைக்கு மட்டும், அதுவும் ஆகஸ்ட், செப்டெம்பரில் மட்டும். மகாசேன மன்னன் கட்டிய குளம் வற்றும்போது கரையில் புதுப்புல் முளைக்கும். சுற்றுக் காடுகளிலிருந்து யானைகள் நூற்றுக்கணக்கில் அங்கே கூடும். ஆசியாவில் இப்படி ஒரு காட்சி அரிது. ஆனால் அண்மைக் காலத்தில் மொரகஹகந்த அணையிலிருந்து வரும் தண்ணீரால் வறட்சியிலும் குளம் நிறைந்தே இருக்கும் ஆண்டுகள் உண்டு. தண்ணீர் இறங்காவிட்டால் புல் இல்லை, புல் இல்லாவிட்டால் கூட்டம் இல்லை. அப்போது யானைகள் பக்கத்துக் காடுகளான கவுடுல்லவுக்கோ ஹுருலுவுக்கோ நகர்ந்துவிடும். ஆகவே பக்கத்து ஊரான ஹபரணையில் ஜீப் பேசும்போது பூங்காவின் பெயரைச் சொல்லிப் பேசாதீர்கள், “நேற்று மாலை யானை எங்கே நின்றது?” என்று இரண்டு பேரிடமாவது கேட்டுவிட்டுப் பேசுங்கள்.

மாதமும் வழியும்

யால பிளாக் 1-ஐ வறட்சியைக் காரணமாக வைத்து வழக்கமாகச் செப்டெம்பர் முதல் ஒக்டோபர் நடுப்பகுதி வரை மூடுவார்கள். ஆடி உற்சவக் காலத்தில் கதிர்காமம், திஸ்ஸ இரண்டிலும் அறை கிடைப்பது கஷ்டம். உகந்தை முருகன் கோயிலிலிருந்து குமண, யாலக் காடுகளை ஊடறுத்துப் பாதயாத்திரை வருவதும் அப்போதுதான். வில்பத்துவில் ஒக்டோபர் கடைசி முதல் டிசெம்பர் வரை மழை. மணல் பாதை சேறாகும், தண்ணீர் எங்கும் கிடைப்பதால் மிருகமும் வில்லுக்கு வராது. மே முதல் செப்டெம்பர் வரை நல்லது.

யாழ்ப்பாணம், வவுனியாவிலிருந்து வருகிறவர்களுக்கு வில்பத்துதான் கிட்ட. ஆனாலும் யாழ்ப்பாணத்திலிருந்து விடியலில் புறப்பட்டு ஆறு மணிக்கு வாசலில் நிற்க முடியாது. முதல் இரவு அனுராதபுரத்தில் தங்குங்கள். புத்தளம் வீதியில் வந்து திம்பிரிவெவ சந்தியில் திரும்பினால் ஏழெட்டுக் கிலோமீற்றர். கொழும்பிலிருந்து தெற்கு அதிவேக வீதி 2020-இல் அம்பாந்தோட்டைப் பக்கம் வரை நீண்ட பிறகு யால எளிதாகிவிட்டது. திருகோணமலை, மட்டக்களப்புக்காரர்களுக்கு மின்னேரியாவும் கவுடுல்லவும் கைக்கெட்டிய தூரம்.

ஜீப் பேசும்போது

உள்ளூர்க் கட்டணத்துக்கும் வெளிநாட்டுக் கட்டணத்துக்கும் பல மடங்கு வித்தியாசம். தேசிய அடையாள அட்டையை மறந்துவிட்டு வாசலில் வாதாடிப் பிரயோசனமில்லை. கனடா, லண்டனிலிருந்து வந்த உறவினர் ஒருவர் கூட வந்தாலும் அவருக்கு வேறு கணக்கு. நுழைவுச் சீட்டு தவிர சேவைக் கட்டணம், வாகனக் கட்டணம், வரி எல்லாம் சேரும்.

ஜீப்பில் ஆறு பேர் ஏறலாம், நான்கு பேர் என்றால்தான் எல்லாருக்கும் இரு பக்கமும் தெரியும். எட்டு மடங்கு பெரிதாக்கும் 8×42 தொலைநோக்கி போதும். பத்து மடங்கு என்றால் ஜீப் நடுக்கத்தில் கையும் நடுங்கும். சின்னத் துணிப்பையில் ஒரு கிலோ அரிசி போட்டுக் கட்டிக் கம்பி மேல் வைத்தால் கமராவுக்கு நல்ல தாங்கி. சாப்பாட்டைப் பொலித்தீனில் சுற்றாமல் பெட்டியில் கொண்டு போங்கள், வாசலில் சோதிப்பார்கள். உள்ளே இறங்கலாம் என்று காட்டிய இடங்களில் மட்டும் இறங்குங்கள். யாலவில் அது பட்டனங்கல கடற்கரையும் மாணிக்க கங்கைக் கரையும். அங்கே குரங்குகள் சாப்பாட்டுப் பெட்டியைத் திறக்கும் வரை காத்திருக்கும்.

காசு கொடுக்கும் முன் மூன்று கேள்வி. சொன்ன தொகை ஜீப்புக்கு மட்டுமா, சீட்டும் சேர்த்தா? வனசீவராசிகள் திணைக்கள வழிகாட்டி ஏறுவாரா? நான்கு மணி நேரம் என்பது ஹோட்டல் வாசலில் இருந்தா, பூங்கா வாசலில் இருந்தா? திஸ்ஸவிலிருந்து பலட்டுபான போகவே முக்கால் மணி நேரம் ஆகும், திரும்பவும் அவ்வளவு. ஹோட்டலிலிருந்து எண்ணினால் நான்கு மணி நேரத்தில் காட்டுக்குள் இருப்பது இரண்டரைதான்.