பூண் இறுகிய தூண்டில் கம்பும் டபிள்யூடி-40 டப்பாவும்

கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 தொடங்கி ஜூன் 14 வரை நீளும் 61 நாள் தடைக்காலத்தில், எங்களை ஏற்றிச் செல்லும் படகு கரையேறிவிட்டதால், என் தூண்டில் கம்பும் வீட்டு மாடியறையில் ஒரு மூலையில் நின்றது. கடைசியாகப் பாரை பிடித்துவிட்டு வந்த இரவில் அசதியில் அதைக் கழற்றவும் இல்லை, நல்ல தண்ணீரில் அலசவும் இல்லை. ஜூன் நடுவில் எடுத்துப் பார்த்தபோது, கம்பின் இரு துண்டுகளையும் ஒன்றுக்குள் ஒன்றாகப் பொருத்தும் குரோம் பூசிய பித்தளைப் பூணின் வாயோரத்தில் பச்சைக் களிம்பு படிந்திருந்தது. நூல் சுற்றும் ரீலைக் கம்போடு இறுக்கிப் பிடிக்கும் அலுமினிய வளையத்தின் மரையில் வெள்ளைப் பொடி பூத்திருந்தது. இரண்டுமே அசைய மறுத்தன. அந்த இரண்டையும் விடுவிக்க டபிள்யூடி-40 என்ற தெளிப்பு எண்ணெய் எந்த அளவுக்கு உதவியது என்பதே இந்த மதிப்பீடு.

டப்பாவைப் பற்றிப் பேசும் முன், பூண் ஏன் இறுகுகிறது என்பதைப் பார்க்க வேண்டும்; மருந்து எந்த நோய்க்கு என்று தெரியாமல் அதைக் குறை கூறுவதும் புகழ்வதும் வீண். கடல்நீரில் லிட்டருக்கு ஏறத்தாழ 35 கிராம் உப்பு இருக்கிறது. அது சமையலுப்பு மட்டுமன்று. அதிலுள்ள மக்னீசியம் குளோரைடு காற்றின் ஈரத்தை இழுத்துக்கொள்வதால், காய்ந்துவிட்டதாக நாம் நினைக்கும் இணைப்பு உள்ளுக்குள் ஈரமாகவே இருக்கும். குரோம் பூச்சில் விழுந்த நுண்ணிய கீறல்கள் வழியே உப்பீரம் பித்தளையைத் தொடுகிறது. அலுமினியத்தின் நிலை இன்னும் மோசம்: பித்தளையோ துருப்பிடிக்காத எஃகோ கார்பன் இழையோ பக்கத்தில் இருந்து, நடுவில் உப்புநீரும் சேர்ந்தால், அரிக்கப்படுவது அலுமினியமாகவே இருக்கும். அரிப்பில் உண்டாகும் பொடி, கரைந்த உலோகத்தைவிட அதிக இடத்தை அடைத்துக்கொள்கிறது. எனவே இணைப்பு ஒட்டிக்கொள்வதில்லை; உள்ளிருந்து ஆப்பு வைத்ததுபோல் நெருக்கப்படுகிறது. முரட்டுத்தனமாகத் திருகினால் கம்பு முறிவதும் பூண் கழலாததும் இதனால்தான்.

டபிள்யூடி-40 இந்த வேலைக்கென்று பிறந்த சரக்கு அன்று. 1953ஆம் ஆண்டு அமெரிக்காவின் சான் டியகோவில் ராக்கெட் கெமிக்கல் கம்பெனி என்ற சிறு நிறுவனம், உலோகத்தின் மேலிருந்து நீரை விலக்கி அரிப்பைத் தடுக்கும் கலவையைத் தேடி, நாற்பதாவது முயற்சியில் வெற்றி கண்டது. நீர் விலக்கல் என்பதன் ஆங்கில முதலெழுத்துகளும் அந்த எண்ணும் சேர்ந்தே பெயராயின. அட்லஸ் ஏவுகணையின் வெளித்தகட்டைக் காக்க அது பயன்பட்டது. ஆகவே, ஈரத்தை வெளியேற்றுவதிலும் குறுகிய இடைவெளிக்குள் ஊர்ந்து செல்வதிலும் இது கெட்டிக்காரக் கலவை. இறுகிய அரிப்பைக் கரைக்கும் அமிலம் அன்று. அதே நிறுவனம் இறுகிய மரைகளுக்கென்று தனியாக ஊடுருவும் எண்ணெய் ஒன்றையும் விற்கிறது. என் ஊர் வன்பொருள் கடையில் கிடைத்தது நீலமும் மஞ்சளுமான வழக்கமான டப்பாதான். (அதில் மீன் எண்ணெய் கலந்திருப்பதாகத் தூண்டில்காரர்களிடையே ஒரு பேச்சு உண்டு. நிறுவனமே அதை மறுத்திருக்கிறது. இரையின் மேல் அடித்துப் பார்க்க வேண்டாம்.)

முதல் நாள் இரவு கம்பை நிமிர்த்திச் சாய்த்து வைத்தேன். மேல்துண்டின் ஆண் பூண் கீழ்த்துண்டின் பெண் பூணுக்குள் இறங்கும் அமைப்பு என்பதால், நிமிர்த்தி வைத்தால் பூணின் வாய் மேல்நோக்கி இருக்கும். அடித்த எண்ணெய் வழிந்தோடாமல் அந்த விளிம்பில் தேங்கும். கைப்பிடித் தக்கை எண்ணெயைக் குடிக்காதிருக்க அதைப் பாலித்தீன் உறையால் சுற்றினேன். திருப்புளியின் கைப்பிடியால் பூணைச் சுற்றிலும் மெல்லத் தட்டினேன். அந்த அதிர்வில் உப்புப் பொருக்கு விரிசல் விட்டு, எண்ணெய்க்கு வழி கிடைக்கிறது. காலையில் இழுத்துப் பார்த்தேன், அசையவில்லை. எண்ணெயை மட்டும் நம்புபவர்கள் பெரும்பாலும் இந்த இடத்தில்தான் டப்பாவைத் திட்டுகிறார்கள்.

இரண்டாம் இரவும் அதே சடங்கு. மறுநாள் காலையில் வெந்நீரைத் துணைக்கு அழைத்தேன். 20 மில்லிமீட்டர் விட்டமுள்ள பித்தளைப் பூணின் வெப்பத்தை 50 டிகிரி செல்சியஸ் கூட்டினால் அதன் விட்டம் சுமார் 0.02 மில்லிமீட்டர் கூடும். அற்பமாகத் தோன்றலாம், ஆனால் எண்ணெய் ஊறிய இணைப்புக்கு அது போதும். சூடு வெளிப்பூணுக்கு மட்டும் ஏற வேண்டும், அதுவும் உட்பூணுக்குப் பரவுவதற்குள் இழுத்துவிட வேண்டும். வெந்நீரில் நனைத்த துணியை வெளிப்பூணில் அரை நிமிடம் சுற்றி வைத்தேன். பிறகு நானும் மைத்துனரும் எதிரெதிரே நின்று, ஆளுக்கு ஒரு கை மேல்துண்டிலும் ஒரு கை கீழ்த்துண்டிலுமாகச் சைக்கிள் டியூப் துண்டுகளால் பற்றி, திருகாமல் நேராக இழுத்தோம். மூன்றாம் இழுப்பில் சிறு வெடிச்சத்தத்துடன் பூண் பிரிந்தது. நூல் செல்லும் வளையங்களை யாரும் பிடியாகக் கொள்ளக் கூடாது. அவை பூணுக்கு முன்பே கழன்றுவிடும்.

நெருப்பை இதில் சேர்க்கவே கூடாது. என் நண்பர் ஒருவர் தம் கம்பை ஒரு பழுதுபார்க்கும் கடையில் கொடுத்தார். அங்கே கேஸ் அடுப்புச் சுவாலையில் காட்டியதில், பூணைக் கம்போடு பிணைத்திருந்த பசை இளகி, பூண் இரண்டும் ஒன்றாகவே இருக்க, கம்பு மட்டும் வெளியே வந்துவிட்டது. தவிரவும், இந்த டப்பாவில் இருப்பது தீப்பற்றும் திரவம்.

கழன்ற பித்தளையின் களிம்பைப் போக்க எதையும் வாங்கவில்லை. குத்துவிளக்கு துலக்கும் அதே புளிதான். தேய்த்து, உடனே நல்ல தண்ணீரில் அலசித் துடைத்தேன். உப்புத்தாளால் தேய்த்தால் பளபளப்பு வரும், ஆனால் பூண் தளர்ந்து மீன் இழுக்கும்போது ஆடத் தொடங்கும். டபிள்யூடி-40இன் பெரும்பகுதி ஆவியாகிவிடும் கரைப்பான் என்பதால், அதையே நிரந்தரக் காப்பாகக் கருதுவது தவறு. மரைக்குப் படகு எஞ்சினுக்கான கிரீஸை மெல்லியதாகத் தடவினேன். பூணில் தடவியதைத் துணியால் துடைத்து, சாயல் மட்டும் மிஞ்சுமாறு விட்டேன்.

விலைக்கு இது நியாயமான பொருள். சிறிய டப்பாவே ஒரு தூண்டில்காரருக்கு ஓராண்டுக்கு மேல் வரும். பித்தளைப் பூணுக்கு, வெந்நீரும் பொறுமையும் உடன் இருந்தால், தயங்காமல் பரிந்துரைப்பேன். அலுமினிய வளையத்துக்கு அந்த உறுதியைத் தர மாட்டேன். நான்கு இரவு ஊறிய பிறகே அது திரும்பியது. திரும்பியபோது மரையின் இரண்டு சுற்றுகள் ஏற்கெனவே அரித்துப்போயிருந்தன. இப்போதும் ரீலைப் பூட்டும்போது அந்த இடத்தில் மணல் நெறிபடுவதுபோல் ஒரு சத்தம் கேட்கிறது.